ஊர்ச் சங்கத்தின் பிராட்பேண்ட்: எல்லாம் சரி, அந்த ரேடார்தான்

“ஊர்ச் சங்கம் தரும் கம்பியில்லா இணைய இணைப்பை எடுக்கலாமா?” என்று நண்பர் ஒருவர் கேட்டதால் இந்தக் குறிப்பு. கூரையில் 5 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனா, ஊர்க்காரர்களே நடத்தும் வலை, எல்லாம் ஐரோப்பிய விதிகளின்படி.

வேகத்தில் குறையில்லை. ஆனால் மழையும் காற்றும் இல்லாத நேரத்தில் இணைப்பு சட்டென்று நின்றுவிடும். கருவியின் லாக்கை (நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவு) திறந்தால் ‘ரேடார் கண்டறியப்பட்டது’ என்று ஒரே வரி.

கோளாறு கருவியில் இல்லை, சட்டத்தில். ஏலத்துக்குப் போகும் அலைக்கற்றை ஊர்ச் சங்கத்துக்குக் கட்டுப்படியாகாது. உரிமம் இல்லாமல் வெளியில் 1 வாட் வரை அனுப்பக் கிடைப்பது 5470 முதல் 5725 மெகாஹெர்ட்ஸ். அதே அலைவரிசையில் ரேடார்களும் இயங்குகின்றன, முன்னுரிமை அவற்றுக்கே. அங்கே ரேடார்தான் வீட்டுக்காரர், நாம் ஒண்டுக்குடித்தனம். ரேடார் துடிப்பு நம் கருவியின் காதில் விழுந்தால் சேனலைக் காலி செய்துவிட்டு 30 நிமிடம் அந்தப் பக்கமே போகக்கூடாது. புதுச் சேனலில் வாய் திறக்குமுன் 60 வினாடி கேட்டுப் பார்க்க வேண்டும். வானிலை ரேடார்களுக்கான 5600–5650-ஐத் தொட்டால் 10 நிமிடம்! இதில் பல பொய் எச்சரிக்கை. பக்கத்து ஆன்டெனாவின் சிதறலையே கருவி ரேடார் என்று எடுத்துக்கொள்ளும்.

செய்ய வேண்டியது: சேனல் அகலத்தை 80-லிருந்து 20 மெகாஹெர்ட்ஸுக்குக் குறையுங்கள். அகலம் கூடினால் காதும் அகலம், பொய் எச்சரிக்கையும் கூடும். சேனல் பட்டியலிலிருந்து 5600–5650-ஐ அடியோடு எடுத்துவிடுங்கள். ஓரம் உரசும் 40 மெகாஹெர்ட்ஸ் சேனலும் கூடாது. 1 வாட் என்பது ஆன்டெனா அலையை ஒரே திசையில் குவிப்பதால் வரும் பெருக்கத்தையும் சேர்த்து. 23 டிபிஐ (பெருக்கத்தின் அளவு) தட்டு ஆன்டெனா என்றால் ரேடியோவை 7 டிபிஎம்-க்கு (அனுப்பும் சக்தியின் அளவு) இறக்க வேண்டும். இந்தச் சக்தியை ஏற்றி வைக்கும் புண்ணியவான்களால்தான் அக்கம்பக்கத்தில் பாதிப் பொய் எச்சரிக்கை. 3 கிலோமீட்டர் இணைப்பானால் நடுவழியில் இரண்டு ஆன்டெனாக்களையும் சேர்க்கும் நேர்கோட்டைச் சுற்றி 4 மீட்டராவது வெட்டவெளி வேண்டும். குளிர்காலத்தில் மொட்டையாக நின்ற மரம், இலை விட்டதும் வேலையைக் காட்டும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். பழுதென்றால் எதிர்முனையில் பேசுபவருக்கு அந்தக் கம்பமே தெரியும். லாக்கை அனுப்பினால் படிக்கிறார். ‘ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்’ என்ற மந்திரம் கிடையாது. இப்படி ஒரு சேவையை வேறெங்கும் பார்த்ததில்லை.

ஃபைபர் (கண்ணாடி இழைக் கம்பி) வந்தால் ரேடார் தொல்லை போச்சு. அந்தக் கம்பியை இழுக்க, பழைய நிறுவனங்களின் குழாய்களிலும் கம்பங்களிலும் இடம் கேட்கும் உரிமையை 2014 ஐரோப்பிய ஆணை தந்தது. விலை ‘நியாயமாக’ இருக்க வேண்டும் என்றது. எது நியாயம் என்று பேசி முடிப்பதற்குள் சங்கத்துக்கு மூச்சு வாங்குகிறது. இங்கிலாந்தின் லங்காஷயரில் 2011-இல் தொடங்கிய பி4ஆர்என் என்ற ஊர்க்காரர்களின் ஃபைபர் அமைப்பு அந்தப் பேச்சுக்கே போகாமல், விவசாயிகள் இலவசமாக விட்ட நிலத்தில் தானே பள்ளம் தோண்டிக்கொண்டது.

நண்பருக்குப் பதில்: ரேடியோவில் வேண்டாம். தெருவுக்கு ஃபைபர் வரட்டும். இன்று காலை மட்டும் என் இணைப்பு இரண்டு முறை விழுந்திருக்கிறது, அதையும் கணக்கில் வைத்துப் படியுங்கள்.