விசா வந்தவன் போன பிறகு: வாட்ஸாப்பா, ரிஜிஸ்டரா, டிரைவா, விக்கியா?

குமரி மாவட்டத்தில் சின்னதாக ஒரு நிறுவனம் நடத்துபவருக்கு ஆள் போவது புதிதல்ல. குலசேகரத்தில் ரப்பர் பால் எடுத்து ஷீட் அடிக்கும் இடமானாலும் சரி, மார்த்தாண்டத்தில் பத்துக் கட்டில் ஆஸ்பத்திரியானாலும் சரி, நாலு வருஷம் வேலை பழகிய பையனுக்கு ஒருநாள் வளைகுடா விசா வரும். அடுத்த வாரம் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறிவிடுவான். எந்த பார்ட்டி எத்தனை நாளில் பணம் தருவார், ஜெனரேட்டர் மக்கர் பண்ணினால் என்ன செய்யணும், ஜிஎஸ்டி ஓடிபி எந்த நம்பருக்குப் போகும் என்பதெல்லாம் அவனோடு சேர்ந்தே போகும்.

இப்படிப் போகாமல் பிடித்துவைப்பதற்கு அறிவு மேலாண்மை என்று பெயர் வைத்துப் பாடமாகவே நடத்துகிறார்கள். 2018-இல் ஐஎஸ்ஓ 30401 என்று ஒரு தரநிலையும் வந்தது. நம்மூர் நிறுவனங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். கையில் இருப்பது நாலு வழி: வாட்ஸாப், ரிஜிஸ்டர், கூகுள் டிரைவ், விக்கி. ஒரே தகவலை நாலிலும் போட்டு, எது தாங்குகிறது என்று பார்த்தால் போதும்.

தகவல் இதுதான். தோட்டத்திலேயே உறைந்துவிடாமல் இருக்க ரப்பர் பாலில் அமோனியா சேர்த்துக் கொண்டுவருவது உண்டு. அந்தப் பாலை டிஷ்ஷில் ஊற்றி உறைய வைக்கும்போது வழக்கமான அளவு ஃபார்மிக் ஆசிட் போதாது. அமோனியா காரம், ஆசிட்டில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். கூடுதலாக விடவில்லை என்றால் காலையில் பார்க்கும்போது பால் சரியாக உறைந்திருக்காது, ரோலரில் கொடுத்தால் கிழியும். எவ்வளவு கூடுதல் என்பது அமோனியாவின் அளவையும் பாலின் கெட்டியையும் பொறுத்தது. கேட்டால் மூத்தவர் ஒருவர், "மக்கா, மழைநாள் பாலுன்னா பாத்து விடணும்" என்பார். அந்தப் 'பாத்து'க்குள் இருபது வருஷம் இருக்கிறது.

முதலில் வாட்ஸாப். தகவல் உள்ளே வருவதில் இதை அடிக்க ஆளில்லை. கையில் பால் பிசுக்கோடு நிற்பவன்கூட ஒரு வாய்ஸ் நோட்டில் சொல்லிவிடுவான். படமும் உடனே வரும். ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். நமக்கு இருபது பேர்தான்.

தேடும்போதுதான் வண்டவாளம் தெரியும். ஒருவர் ஆசிட் என்று தமிழில் அடித்திருப்பார், இன்னொருவர் அதையே ஆங்கில எழுத்தில், மூன்றாமவர் வாய்ஸ் நோட்டில். தேடல் கட்டத்தில் எந்த எழுத்தில் அடித்தாலும் மற்ற இரண்டும் சிக்காது. நடுவில் குட்மார்னிங் ரோஜாப்பூ, கல்யாணக் கார்டு, கோயில் கொடை நோட்டீஸ். முக்கியமானதைக் குழுவின் மேலே பின் குத்தி வைக்கலாமே என்றால், அதற்கும் அதிகபட்சம் 30 நாள்தான். புதிதாகச் சேர்ந்தவனுக்குப் பழைய பேச்சு முழுவதும் வந்து சேராது. யாருக்குத் தகவல் அதிகம் தேவையோ அவனுக்குத்தான் இது கையை விரிக்கிறது. என்னைக் கேட்டால் வாட்ஸாப் செய்தி சொல்லத்தான், சேமிக்க அல்ல.

ரிஜிஸ்டர் நேர் எதிர். எழுதச் சோம்பல் வரும், வாசிக்கச் சுலபம். ஆசிட் கேன் இருக்கும் சுவரிலேயே ஒரு ஆணியில் தொங்கினால், தேவைப்படும் இடமும் தகவல் இருக்கும் இடமும் ஒன்றாகிவிடுகின்றன. சார்ஜ் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். ஒரு பக்கத்தில் தேதி, பால் எத்தனை லிட்டர், அமோனியா உண்டா, ஆசிட் எவ்வளவு, மறுநாள் ஷீட் எப்படி வந்தது என்று ஐந்து கட்டம் போட்டால் இரண்டு மழைக்காலத்தில் அந்தப் 'பாத்து' கொஞ்சம் கொஞ்சமாகத் தாளில் இறங்கும். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமும் நனைக்கும் மாவட்டம் என்பதால் பழகிப் பார்க்க மழைக்குப் பஞ்சமில்லை.

கட்டத்தின் ஓரத்தில் எழுதியவர் பெயரும் இருக்கட்டும். ஜெராக்ஸ் கம்பெனி 1990-களில் இயந்திரம் பழுதுபார்ப்பவர்களின் கைக்குறிப்புகளை யூரேகா என்று ஒரு தொகுப்பாக்கியது. எழுதுபவருக்குப் பணம் தருவதைவிட, குறிப்போடு அவர் பெயர் வருவதுதான் வேலை செய்தது. சக தொழிலாளர்களே சரிபார்த்த பிறகுதான் குறிப்பு உள்ளே போகும். இதற்கு இன்டர்நெட் எதுவும் வேண்டாம், நம்ம ரிஜிஸ்டருக்கும் பொருந்தும்.

குறை என்ன? ஒரே பிரதிதான். கரையான், ஈரம், தூக்கிப்போடும் புதிய மேனேஜர். தாள் தப்பித்தாலும் வாசிக்கிற ஆள் தப்பிக்க வேண்டும். 1956 நவம்பர் 1-க்கு முன் இந்த மாவட்டம் தமிழ்நாட்டில் இல்லையே. பல குடும்பங்களில் தாத்தா காலத்துப் பத்திரம் மலையாளத்தில் பீரோவில் பத்திரமாக இருக்கிறது, வாசித்துச் சொல்ல ஆள் தேடி அலைகிறார்கள். அதுபோல 'கு.பா. 2 மூ.' என்று எழுதிவைத்த ரிஜிஸ்டரும் எழுதியவன் கத்தார் போன அன்றே புதிராகிவிடும். மாதம் ஒருமுறை பக்கங்களை போனில் படம் எடுத்து வைப்பதும், முதல் பக்கத்தில் சுருக்கங்களுக்கு விளக்கம் எழுதுவதும் பத்து நிமிட வேலை.

அந்தப் படங்களைப் போட இடம் வேண்டுமே, அங்கேதான் கூகுள் டிரைவ் வருகிறது. கூகுள் டாக்ஸில் எழுதினால் யார் எப்போது மாற்றினார் என்பது பழைய வடிவத்தோடு நிற்கும். ஆசிட் அளவை யாராவது தப்பாகத் திருத்தினாலும் மீட்டுவிடலாம். வாட்ஸாப்பிலும் ரிஜிஸ்டரிலும் இல்லாத வசதி இது. ஒரு கணக்குக்கு 15 ஜிபி இலவசம்.

ஆனால் விசா கண்டம் இதில்தான் பெரிது. ஃபைலை உருவாக்கியவர் யாரோ, அவர் கணக்குக்குத்தான் அது சொந்தம். ஆபீஸ் பையன் தன் சொந்த ஜிமெயிலில் எல்லா ஃபைலையும் போட்டு உங்களுக்குப் பகிர்ந்திருந்தால், நீங்கள் வாடகைக்குத்தான் இருக்கிறீர்கள். அவன் கணக்கை அழித்தால் ஃபைலும் போகும். இரண்டு வருஷம் திறக்காமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுளே அழிக்கத் தொடங்கியது. நிறுவனங்களுக்கென்று கூகுள் தரும், பணம் கட்டும் வொர்க்ஸ்பேஸில், அதுவும் பிசினஸ் ஸ்டாண்டர்டிலிருந்து, பகிர்ந்த டிரைவ் கிடைக்கும். அதிலுள்ளது ஆளுக்கு அல்ல, நிறுவனத்துக்குச் சொந்தம். காசு வேண்டாம் என்றால் நிறுவனத்தின் பெயரில் ஒரு ஜிமெயில் திறந்து, மீட்பு எண்ணாக முதலாளி நம்பரைக் கொடுத்து, எல்லா ஃபைலையும் அதிலேயே தொடங்குங்கள்.

விக்கி பற்றி நாலு வரி போதும். பலரும் சேர்ந்து எழுதித் திருத்தும் இணையப் பக்கங்கள், வார்டு கன்னிங்ஹாம் 1995-இல் தொடங்கிவைத்த முறை. விக்கிப்பீடியா ஓடும் மென்பொருளான மீடியாவிக்கி இலவசம், சர்வரும் பார்த்துக்கொள்ள ஆளும் இலவசமல்ல. நோஷன் என்ற ஆப் அழகாக இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் இணைப்பு, திருத்த வரலாறு எல்லாம் சரிதான், ஆனால் இதை மேய்க்கத் தனியாக ஒருவர் வேண்டும். நூறு பேருக்கு மேல் இருக்கும் கல்லூரி, ஆஸ்பத்திரி என்றால் யோசிக்கலாம். (கல்லூரிகளில் தரம் பார்க்கும் நாக் (NAAC) குழு வருகிற வாரம் மட்டும் விக்கி போல எல்லா ஃபைலும் அடுக்கியிருக்கும். அது வேறு கதை.)

நாலிலும் ஏறாத ஒன்று உண்டு. பால் வெட்டுபவர் பட்டையை எவ்வளவு ஆழம் சீவுகிறார் என்பதைப் பாருங்கள். உள்ளே இருக்கும் வளர்திசுவுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் முன்னால் கத்தி நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் மரம் காயப்படும், பிறகு பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். இதை வீடியோ எடுத்துப் போட்டால் கை எங்கே போகிறது என்பது தெரியும், கத்திக்கு எது தட்டுப்படுகிறது என்பது தெரியாது. 1980-களில் ஜப்பானின் மட்சுஷிதா கம்பெனி ரொட்டி இயந்திரம் செய்தபோது மாவு சரியாகப் பிசைபடவே இல்லை. இகுகோ டனாகா என்ற மென்பொருள் பொறியாளர் ஓசாகா ஹோட்டல் ஒன்றின் தலைமை ரொட்டிக்காரரிடம் வேலை பழகிய பிறகுதான், அவர் மாவை இழுக்கும்போதே முறுக்குகிறார் என்பது பிடிபட்டது. மேலாண்மைப் பேராசிரியர் நொனாகா இதை உதாரணமாகச் சொல்லித்தான் உலகம் முழுக்கப் பெயர் வாங்கினார். இந்த வகை அறிவுக்கு ஆப் தேடுவது வீண். போகிறவனுக்குப் பக்கத்தில் புதியவனை ஒரு மாதம் நிறுத்துங்கள். இரட்டைச் சம்பளம்தான், கிழிந்த ஷீட்டைவிட மலிவு.

இருபது பேருக்குள் இருக்கும் இடத்துக்கு என் தேர்வு: அளவும் கணக்கும் ரிஜிஸ்டரில், படமும் பட்டியலும் நிறுவன ஜிமெயிலின் டிரைவில், வாட்ஸாப்பில் பேச்சு மட்டும். வாரம் ஒருமுறை ஒருவர் பேச்சில் வந்த உருப்படியானதை ரிஜிஸ்டருக்கு மாற்ற வேண்டும். சனிக்கிழமை கூலி கொடுக்கும் நேரம் அதற்குச் சரியாக இருக்கும். அன்று எல்லாரும் அங்கே இருப்பார்கள், சந்தேகம் கேட்டுக்கொள்ளலாம்.

ஏற்கெனவே நாலைந்து வருஷம் வாட்ஸாப்பிலேயே ஓட்டியவர்கள், கிளம்புகிறவனின் போனிலிருந்தே குழுப் பேச்சை எக்ஸ்போர்ட் செய்து வாங்கிவிடுங்கள். படங்களோடு என்றால் ஏறக்குறைய கடைசி 10,000 செய்தி வரும், படமில்லாமல் 40,000 வரும். இரண்டையும் எடுக்கச் சொல்லுங்கள், அவன் போனை மாற்றுவதற்கு முன்.