செட்டிங்ஸ் பிரச்சனைன்னு சொல்லிச் சொல்லியே 20,500 ரூபாய் போச்சு: கம்ப்யூட்டர் ரேஸ் கேமுக்குப் பழைய ஸ்டீயரிங் வீல் வாங்கப் போறவங்க படிச்சிட்டுப் போங்க

நேற்று ராத்திரி திருப்பூரிலிருந்து வீடு வந்து சேரும்போது மணி ஒன்று. படுத்தும் தூக்கம் வரவில்லை. கோபம் ஆறிவிட்டால் எழுத மாட்டேன் என்று எனக்கே தெரியும், அதனால் இப்போதே உட்கார்ந்து எழுதுகிறேன். கோயமுத்தூரில் பழைய ரேசிங் வீல் தேடிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள். என்னிடமிருந்து போனது 20,500 ரூபாய். வீலுக்கு 18,500. அதற்கப்புறம் ‘செட்டிங்ஸ்’ போட்டுத் தர 2,000.

கடைப் பெயரை எழுதவில்லை. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருக்கும் என் மாமா, “புகார் கொடுக்கறதுக்கு முன்னாடி பேர் போட்டு எழுதாதே, உனக்கே வில்லங்கம்” என்றார். பழைய கேமிங் சாமான்களை வாங்கி விற்கும் கடை, ஊருக்கு நடுவில் மாடியில் இருக்கிறது. அவ்வளவு போதும்.

ஐந்து வருடமாக அசெட்டோ கோர்சா என்ற கார் ரேஸ் கேமை கேம்பேடு வைத்தே ஓட்டியவன் நான். வீல் வாங்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. ஓவர்டைம் காசைத் தனியாக எடுத்து வைத்து எட்டு மாதம் சேர்த்தேன். புதுசு வாங்கக் கட்டாது, பழைய லாஜிடெக் ஜி29 போதும் என்று முடிவு பண்ணினேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அந்த வீல் தயாரிப்பின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. 2015ல் வந்த மாடல் இன்றைக்கும் எத்தனையோ பேர் வீட்டில் ஓடுகிறது. என் கோபம் அதை எனக்கு விற்றவர் மேல்.

கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். போனவுடன் நாற்காலி போட்டு உட்கார வைத்தார், டீ சொன்னார். நான் செட்டிபாளையம் ட்ராக்கில் ரேஸ் பார்த்த கதையைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. “அட, நம்ம ஆளு! கரி மோட்டார் ஸ்பீட்வேல ரேஸ்னா அன்னிக்குக் கடைக்கு லீவு விட்டுருவனுங்க தம்பி.” நரேன் கார்த்திகேயன் 2005ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன வருடம் இந்த ஊர் எப்படிக் கொண்டாடியது என்று பத்து நிமிடம் பேசினார். அந்தப் பத்து நிமிடத்தில்தான் நான் விழுந்தேன். நம்மைப் போலவே ரேஸ் பைத்தியம், இவர் ஏமாற்ற மாட்டார் என்று மனசு சொல்லிவிட்டது.

வீலை மேஜையில் மாட்டினார். பிளக் போட்டதும் அது தானாக இடது கடைசி வரை போய், வலது கடைசி வரை வந்து, நடுவில் நின்றது. போகும்போது கரகரவென்று ஒரு சத்தம். கேட்டேன். “கியர்ல ஓடுற வீலுங்க தம்பி, சத்தம் இருக்கத்தான் செய்யும். பெல்ட்டு, டைரக்ட் டிரைவ்னா சத்தம் வராது, ஆனா விலை எங்கயோ போயிரும்.” இதில் பொய் இல்லை. கியர் வீல் சத்தம் போடும்தான். உண்மையோடு கலந்து சொன்னதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

பிறகு கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு பழைய ஆர்கேட் கேமைத் திறந்தார். “திருப்புங்க. இப்ப கையை விடுங்க.” விட்டேன். வீல் படக்கென்று நடுவுக்கு வந்து நின்றது. மறுபடி திருப்பினேன், மறுபடி இழுத்தது. என் தோளில் கை வைத்துச் சொன்னார்: “எப்புடி இழுக்குது பாத்தீங்களா? இதுதான் தம்பி ஃபோர்ஸ் ஃபீட்பேக்.”

அது ஃபோர்ஸ் ஃபீட்பேக்கே இல்லை. வீலின் மென்பொருளில், ஃபோர்ஸ் ஃபீட்பேக் இல்லாத கேம்களுக்காக நடுவுக்கு இழுக்கும் ஸ்பிரிங் என்று ஒரு செட்டிங் இருக்கிறது. அதை 100க்கு ஏற்றி வைத்திருக்கிறார். அந்த ஸ்பிரிங்குக்கு வீல் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். ரோடும் தெரியாது, டயரும் தெரியாது. உண்மையான ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்பது முன் டயர் பிடித்திருக்கும்போது வீல் கனத்து, டயர் பிடி விடப்போகும் நேரத்தில் கை லேசாகிவிடுவது. வளைவில் இன்னும் கொஞ்சம் தள்ளலாமா வேண்டாமா என்று கை முதலில் சொல்லும், கண் அப்புறம்தான் பார்க்கும். இதெல்லாம் எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வீலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

18,500 ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன். கடைக் கணக்குக்கு இல்லை, அவர் வீட்டம்மா நம்பருக்கு. பில் கேட்டதற்கு எஸ்டிமேட் என்று போட்ட ஒரு துண்டுச் சீட்டில் ‘வீல் செட் 1’ என்று எழுதிக் கொடுத்தார். ஜிஎஸ்டி நம்பர் இல்லை, சீரியல் நம்பர் இல்லை. ஒரு மாத வாரண்டி வாய்வார்த்தையாக. “நான் எங்க போகப்போறேன், இங்கதான இருப்பேன்” என்றார்.

அன்று ராத்திரியே கேமில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃபே ட்ராக்கை எடுத்தேன். சுற்றுக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல். அதில் காருசெல் என்று ஒரு வளைவு, சரிவாகக் கான்கிரீட் பலகைகளைப் பதித்திருப்பார்கள். கார் அதற்குள் இறங்கினால் ஒவ்வொரு இணைப்பும் வீலைத் தட்ட வேண்டும். எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இறங்கினேன். திரையில் கார் குதிக்கிறது, ஸ்பீக்கரில் தடதடவென்கிறது, என் கையில் ஒன்றுமே இல்லை. மாவு பிசைவது மாதிரி ஒரு மந்தம். நேர் ரோட்டில் வீல் நடுப்பகுதி செத்துக் கிடந்தது.

காலையில் போன் பண்ணினேன். “கேம் செட்டிங்ஸ் தம்பி. கெயின் ஏத்துங்க.” கெயின் என்றால் கேம் வீலுக்கு அனுப்பும் விசையின் மொத்த அளவு. ஏற்றினேன். பலன் இல்லை. மறுநாள், “உங்க பிசி பழசா இருக்கும்.” அடுத்த நாள், “யுஎஸ்பி போர்ட்டை மாத்திப் பாருங்க.” மூன்றும் செய்தேன். நான்காவது நாள் அவரே வழி சொன்னார். “நம்மகிட்ட ஒரு பையன் இருக்கான், செட்டிங்ஸ்ல புலி. 2,000 ஆகும், உங்களுக்காகச் சொல்றேன்.” ஏற்கெனவே 18,500 போட்டாகிவிட்டதே, 2,000ல் சரியானால் சரி என்று கொடுத்தேன். அப்படி ஆனதுதான் 20,500.

அந்தப் பையன் எனிடெஸ்க் மூலமாக, அங்கிருந்தே என் கம்ப்யூட்டருக்குள் வந்தான். கெயினை 150க்கு வைத்தான். மினிமம் ஃபோர்ஸை 30க்கு ஏற்றினான். ரோடு, கெர்ப், ஸ்லிப் எஃபெக்ட் எல்லாவற்றையும் உச்சிக்குத் தள்ளினான். “ப்ரோ செட்டிங்ஸ்ங்ணா, வெளில குடுக்காதீங்க” என்றான். இருபது நிமிட வேலை. வீல் தடதடவென்று அதிர்ந்தது, எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறுநாள் புரிந்தது, அந்த அதிர்வுக்கும் ரோட்டுக்கும் சம்பந்தமே இல்லை. நேர் ரோட்டில் கையை லேசாகப் பிடித்தால் வீல் இடதும் வலதுமாகத் தானாக உதறியது. மினிமம் ஃபோர்ஸ் என்பது கியர் வீல்களில் சின்ன விசைகள் கியர் உராய்விலேயே காணாமல் போகாமல் இருக்க, எல்லாவற்றையும் கொஞ்சம் மேலே தூக்கிவிடும் அளவு. தேவைக்கு மேல் ஏற்றினால் நடுவில் இப்படித்தான் உதறும். கெயினை ஏற்றியதால் பெரிய விசைகள் எல்லாம் உச்சியில் முட்டி ஒரே அளவாகிவிட்டன. வளைவில் கனம் கூடுவதும் குறைவதும் தெரியவே இல்லை. உடம்புக்கு முடியாதவனுக்குப் பவுடர் அடித்து உட்கார வைத்த கதை.

திரும்பப் போன் பண்ணினால் கடையில் வேலை செய்யும் பெண் எடுத்தது. “சார், ஓனர் ஊட்டி போயிருக்காருங்க.” இரண்டு நாள் கழித்தும் ஊட்டி. வாட்ஸப்பில் நீல டிக் வருகிறது, பதில் இல்லை. சனிக்கிழமை நேரில் போனேன். ஊட்டி போனவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு நாற்காலி இல்லை, டீ இல்லை. “நீங்க ஓட்டிப் பாத்துத்தான வாங்கினீங்க? இங்க நல்லா இழுத்துச்சுல்ல? வீட்டுக்குக் கொண்டுபோய் செட்டிங்ஸை நோண்டினா நான் என்ன பண்றது?” நோண்டியது அவர் அனுப்பிய பையன். அதற்கு 2,000 வாங்கியதும் அவர்தான். சொன்னேன். “அது தனிங்க, பையன் உங்களுக்குப் பண்ணின சர்வீஸ்” என்றார். கடையில் இருந்த இரண்டு காலேஜ் பையன்கள் என்னை ஏதோ வீம்புக்குச் சண்டை போடுகிறவன் மாதிரி பார்த்தார்கள். எனக்கு அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆன்லைன் ரேஸில் பழக்கமான ஒரு அண்ணன் திருப்பூரில் இருக்கிறார், அவரிடமும் ஜி29தான். நேற்று வேலை முடிந்து வீலைப் பையில் கட்டிக்கொண்டு பைக்கில் அவர் வீட்டுக்குப் போனேன். முதலில் அவர் வீலில் காருசெல்லை ஓட்டச் சொன்னார். கான்கிரீட் பலகை ஒவ்வொன்றும் உள்ளங்கையில் டொக், டொக், டொக் என்று எண்ணி எண்ணித் தட்டியது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எட்டு மாதம் நான் காசு சேர்த்தது இதற்குத்தான்.

பிறகு வீல்செக் என்ற இலவச மென்பொருளைப் போட்டார். அது விசையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு படிக்கும் வீல் எவ்வளவு நகர்கிறது என்று அளக்கும். அவர் வீல் 13 சதவீதத்தில் அசைய ஆரம்பித்தது. என் வீல் 31 வரை அசையவே இல்லை. இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “தம்பி, இது செட்டிங்ஸ் இல்ல. கழட்டலாமா?”

கழற்றினோம். ஸ்க்ரூ தலைகளில் ஏற்கெனவே யாரோ திருகிய கீறல். ஜி29க்குள் இரண்டு மோட்டார், இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும். என் வீலில் ஒரு மோட்டாரின் ஒயர் போர்டில் சொருகப்படவே இல்லை. முனையில் கறுப்பு டேப்பைச் சுத்தமாகச் சுற்றி ஓரமாக மடக்கி வைத்திருந்தார்கள். அந்த மோட்டாரை மூக்கருகே கொண்டுபோனேன். நான் வேலை செய்வது பம்ப் மோட்டார் கம்பெனியில், தரப் பரிசோதனையில். கருகின வைண்டிங் (மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பி) வாசனையை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். எரிந்த மோட்டாரைப் பிரித்துவிட்டு, இருக்கிற ஒன்றை வைத்து ஓட்டி விற்றிருக்கிறார்கள். செத்த மோட்டாரும் பல்சக்கரத்தோடு சேர்ந்தே சுற்ற வேண்டும், அதன் பாரத்தையும் நல்ல மோட்டார்தான் இழுக்கிறது. எந்த செட்டிங்ஸ் இதைச் சரி பண்ணும்?

அந்த டேப்பைப் போட்ட கைக்குத் தெரியும். அதனால்தான் ஸ்பிரிங்கை 100ல் வைத்துக் காட்டினார்கள். அங்கிருந்தே கடைக்காரருக்கு வீடியோ அனுப்பினேன். நீல டிக். போன் பண்ணினேன், கட் பண்ணினார். இப்போது என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார்.

விரிவாக ஒரு வழிகாட்டி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். கடையில் காட்டும் கேமை நம்பாதீர்கள். லேப்டாப் கொண்டுபோய் நீங்கள் ஓட்டும் கேமில், உங்களுக்குத் தெரிந்த ட்ராக்கில் ஓட்டுங்கள், அதற்கு முன் அந்த நடு ஸ்பிரிங்கை அணைத்துவிடுங்கள். அசெட்டோ கோர்சாவில் ஓட்டும்போதே திரையில் வைத்துக்கொள்ளும் பெடல் ஆப் என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு, அதில் ஃபோர்ஸ் ஃபீட்பேக்குக்கும் ஒரு கோடு இருக்கும். கோடு துள்ளுகிறது, கையில் ஒன்றும் வரவில்லை என்றால் கேம் சரியாகத்தான் அனுப்புகிறது, கோளாறு வீலில். கோடு அடிக்கடி சிவப்பானால் கெயினைக் குறையுங்கள், ஏற்றச் சொல்கிறவனை நம்பாதீர்கள். வீல்செக் போட்டுப் பாருங்கள். பில் இல்லாமல், வேறு ஆள் நம்பருக்குப் பணம் போடாதீர்கள். செட்டிங்ஸுக்குத் தனியாகக் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

விடிந்ததும் 1915க்கு, நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் போடப் போகிறேன். கையில் இருப்பது துண்டுச் சீட்டு, ஜிபே ஸ்க்ரீன்ஷாட், இரண்டு வரைபடம், டேப் சுற்றிய ஒயரின் வீடியோ. திங்கட்கிழமை மாமாவைக் கூட்டிக்கொண்டு கடைக்கும் போகிறேன். வீலைத் திரும்பவும் பூட்டவில்லை. மேல் மூடியைக் கழற்றியபடியே பையில் வைத்திருக்கிறேன், அவர் மேஜையில் அப்படியே வைத்து 20,500 ரூபாயைக் கேட்கப் போகிறேன். இதே கடையில் இதே மாதிரி யாராவது வாங்கியிருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே போகலாம்.