வேப்பமரத்தடி காரும் உள்ளே வந்த மழையும்: மதுரையில் பார்த்த சர்வீஸ்

மதுரையில் அப்பா அம்மா வீட்டு வாசலில் காரை விட்டுவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்கள், ஐப்பசி மழை பிடிக்கும் முன் ஊருக்கு ஒரு போன் போடுங்கள். முன்கண்ணாடிக்கும் பானட்டுக்கும் நடுவில், வைப்பர் உட்கார்ந்திருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தட்டின் இரண்டு ஓரத்திலும் ஒரு செம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஊற்றிய தண்ணீர் முன்சக்கரத்தை ஒட்டி உடனே தரையில் விழவேண்டும். விழவில்லை என்றால் அது உள்ளே தேங்குகிறது. தேங்கி நிரம்பினால் அடுத்து வரும் இடம் காருக்குள்தான்.

எங்கள் வீட்டுக் காரில் அதுதான் நடந்தது. நான் இருப்பது இங்கிலாந்தில், லெஸ்டரில். அப்பாவும் அம்மாவும் திருநகரில். தீபாவளிக்குப் போயிருந்தேன். கார் வாசல் வேப்பமரத்தடியில் நிற்கும். மதுரை வெயிலுக்கு அதைவிட நல்ல இடம் எங்கள் தெருவில் கிடையாது. அப்பா எடுப்பது கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும். போய் இறங்கியதுமே அம்மா சொன்னது இது: "ராத்திரியில கார் தன்னால பூட்டிக்கிருதுடா, தன்னால திறந்துக்கிருது. டக்கு டக்குன்னு சத்தம் கேட்டு உங்கப்பா எந்திரிச்சு எந்திரிச்சுப் போய்ப் பாக்குறாரு."

மழை பெய்த மறுநாள் இடது பக்கக் கண்ணாடி இறங்கவில்லை. வைப்பர் தானாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. உள்ளே மக்கல் வாடை. முன்கண்ணாடி உள்பக்கமாகப் பனித்து, ஏசி போட்டும் தெளிய நேரம் பிடித்தது. இடது காலடியில் கிடந்த ஃப்ளோர் மேட்டைத் தூக்கினேன். கார்ப்பெட் மேலே காய்ந்துதான் இருந்தது. கட்டைவிரலால் அழுத்தியதும் விரலைச் சுற்றித் தண்ணீர் ஊறி வந்தது.

இந்தக் கோளாறு எனக்குப் புதிதில்லை. லெஸ்டரில் பக்கத்து வீட்டுக்காரர் இதே மாடல்தான் வைத்திருக்கிறார். அங்கே சர்வீஸுக்கு விட்டபோது, வைப்பர் தட்டுக்கு அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகளைச் சுத்தம் செய்து, அதன் வாயில் இருக்கும் ரப்பரையும் மாற்றிக் கொடுத்தார்கள். பில்லில் அதற்கென்று தனியாக ஒரு வரியே இருந்தது. கம்பெனிக்குத் தெரிந்த கோளாறு என்பதற்கு வேறு என்ன வேண்டும்?

விஷயம் எளிமையானது. முன்கண்ணாடியில் விழும் மழை முழுவதும் அந்தப் பிளாஸ்டிக் தட்டின் சல்லடை வழியாக அடியில் இருக்கும் தகரத் தொட்டிக்குள் இறங்குகிறது. தொட்டியின் இரு மூலையிலும் ஓட்டை. அங்கிருந்து மட்கார்டுக்குள் இறங்கி வெளியே போகவேண்டும். ஓட்டையின் வாயில் தூசியும் பூச்சியும் ஏறாமல் இருக்க ஒரு ரப்பர் மூக்கு. ஏசி புளோயர் வெளிக்காற்றை இழுப்பதும் இதே தொட்டியிலிருந்துதான். ஓட்டை அடைத்துத் தண்ணீர் மட்டம் ஏறினால், காற்று போகிற வழியில் தண்ணீர் போகும். ஏசி ஃபில்டர் நனையும், புளோயர் மோட்டார் நனையும், பிறகு இடது காலடியில் இறங்கும். எங்கள் மாடலில் கதவுப் பூட்டு, கண்ணாடி, வைப்பர் எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் எலக்ட்ரானிக் பெட்டியான மாட்யூல் அந்த இடது காலடிச் சுவருக்குப் பின்னால்தான் இருக்கிறது.

இதில் வேப்பமரத்தின் பங்கு பெரியது. வாதாம் இலை என்றால் சல்லடைக்கு மேலேயே நின்றுவிடும், கையால் எடுத்துப் போடலாம். வேப்பிலை பொடிசு. மாசி, பங்குனியில் பழுத்து உதிரும் இலை, சித்திரைப் பூ, ஆனி, ஆடியில் விழும் பழம், இலை போன பிறகு மிஞ்சும் ஈர்க்கு என எல்லாமே சல்லடைக்குள் நழுவும். அதோடு தெருப்புழுதியும் சேர்ந்து ஐப்பசிக்குள் இறுகிவிடுகிறது. மதுரைக்கு மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில்தான், அதுவும் நின்று நிதானமாகப் பெய்வதில்லை, கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிறது. அந்த வேகத்துக்கு அந்தச் சின்ன மூக்கு தாங்காது.

முதலில் போனது கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்கு. வரவேற்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குளுகுளு அறை, காபி, டேப்லட்டோடு வந்து "சார், சார்" என்று பேசிய இளைஞர். ஸ்கேனரை மாட்டினார்கள், சாயங்காலம் கூப்பிட்டார்கள். மாட்யூல் போய்விட்டதாம். மாற்ற 38,000 ரூபாய், லேபர் தனி. சென்னையிலிருந்து வர ஒரு வாரம், பத்து நாள் ஆகுமாம்.

"தண்ணி எப்படி உள்ள வந்துச்சு?" என்று கேட்டேன்.

"மழை சீசன்ல சார்."

மழையில் ஓடத்தானே காரைச் செய்கிறார்கள்? கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தீர்களா, வைப்பர் தட்டைக் கழற்றினீர்களா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. மாட்யூலைக் கழற்றாமலே, ஸ்கேனர் காட்டிய பிழைக் குறியீட்டை வைத்தே எஸ்டிமேட் போட்டிருந்தார்கள். வாரண்டியும் முடிந்துவிட்டது, முடியாவிட்டாலும் தண்ணீர் புகுந்தால் கிடையாது என்றார். லெஸ்டர் பில்லைப் போனில் காட்டினேன். அந்தத் தம்பி சுற்றிலும் பார்த்துவிட்டு, "இந்த மாடல்ல வர்றதுதான் சார், இந்த சீசன்ல மட்டும் நிறைய வண்டி வந்துருச்சு" என்று மெல்லச் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. தெரிந்த கோளாறை சர்வீஸ் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்க்காமல், பாகம் போன பிறகு பாகத்தை விற்கும் ஏற்பாட்டின் மேல்தான் கோபம். அப்பா ஒவ்வொரு வருடமும் தவறாமல் அங்கேதான் சர்வீஸுக்கு விட்டிருக்கிறார். ஒரு முறைகூட யாரும் அந்தத் தட்டைத் திறந்ததில்லை.

என்னைப் போல ஊருக்கு வருகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். திரும்பிப் போகும் தேதி டிக்கெட்டில் இருக்கிறது. வயதானவர்களிடம் காரைப் பழுதோடு விட்டுவிட்டுப் போக மனசு வராது. பணத்தைக் கட்டி முடித்துவிடுவோம் என்றுதான் தோன்றும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் அது தெரியும். நான் கட்டவில்லை. ஆனால் ஜாப் கார்டில் "வாட்டர் என்ட்ரி" என்று அவர்கள் கைப்பட எழுதி வாங்கிக்கொண்டுதான் வண்டியை எடுத்தேன். இதை எல்லாரும் செய்யுங்கள். வாயால் சொன்னதற்கு எங்கேயும் மதிப்பில்லை.

பழங்காநத்தம் பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்கிறார் என்று அப்பாவின் நண்பர் சொன்னார். தகரக் கொட்டகை, உள்ளே இரண்டு கார் நிற்கலாம். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட்டை நீட்டினேன், வாங்கி மடித்து என்னிடமே கொடுத்தார். "மாட்யூல் கிடக்கட்டும் தம்பி. தண்ணி எங்குட்டு வருதுன்னு மொதல்ல பாப்போம். அதைப் பாக்காம புதுசை மாட்டுனா அடுத்த மழைக்கு அதுவும் போயிரும்."

முதல் வேலையாக பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினார். ஈர வயரில் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தால் பிளக்கின் பின்கள் அரித்துக்கொண்டே போகும், ஏர்பேக் வயரும் அந்தப் பக்கம்தான் போகிறது, கரண்ட் இருக்கும்போது அதில் கை வைக்கக் கூடாது என்று கூட நின்ற பையனுக்குச் சொன்னார். எனக்கும் சேர்த்துத்தான். வைப்பர் கையின் நட்டைக் கழற்றி, கிளிப் ஒன்றுகூட உடையாமல் தட்டைத் தூக்கினார்.

உள்ளே தொட்டியின் இடது மூலையில் உள்ளங்கை கனத்துக்குக் கறுப்புச் சேறு. மேலே வேப்ப ஈர்க்குகள் பின்னிக் கிடந்தன. நடுவில் ஒரு வேப்பங்கொட்டை முளைவிட்டு இரண்டு இலையோடு நின்றது. பையன் சேற்றை வழித்து வாளியில் போட்டான். பிறகும் அடியில் தண்ணீர் நின்றது. பழைய சைக்கிள் பிரேக் கேபிளின் முனையை மடக்கி, ஓட்டைக்குள் விட்டு மெல்லத் திருகினார். இடது மட்கார்டுக்குள்ளிருந்து குபுக்கென்று கறுப்புத் தண்ணீர் இறங்கி, கடைவாசல் வரைக்கும் ஓடியது. அந்த நாற்றத்தில் நாங்கள் எல்லாருமே ஓரடி பின்வாங்கினோம்.

அவர் வீடு செல்லூரில். 2024 அக்டோபர் மழையில் செல்லூர் கண்மாய் நிரம்பி, பந்தல்குடி வாய்க்கால் கொள்ளாமல் தெருவெல்லாம் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர். "கலுங்கு அடைச்சுக் கிடந்தா கண்மாய்த் தண்ணி வேற எங்குட்டுப் போகும்? ஊருக்குள்ளதான் வரும். உங்க வண்டிக்குக் கலுங்கு இந்த ஓட்டை" என்றார். கலுங்கு என்பது கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழி. எஞ்சினியர் ஒருவர் படம் போட்டு விளக்கியிருந்தாலும் அப்பாவுக்கு இவ்வளவு சுருக்கமாகப் புரிந்திருக்காது.

மாட்யூலை வெளியே எடுத்தபோது அதன் பெட்டிக்குள் ஈரம் போகவில்லை. பிளக்கில்தான் கோளாறு. பின்களில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய பிரஷால் தேய்த்து, காயவைத்து, திரும்ப மாட்டினார். பூட்டு சரியானது, வைப்பரும் சரியானது. இடது கண்ணாடிக்குப் போகும் வயர் ஒன்று மட்டும் அரித்து அறுந்திருந்தது, அதை வெட்டிப் புதுத் துண்டு சேர்த்தார். ரப்பர் மூக்கைக் காட்டி, "இதை வெட்டிவிட்டா ஈர்க்கு நிக்காது, ஆனா எலி ஏறும்" என்று இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டு, அதன் வாயை மட்டும் அகலப்படுத்தினார். எல்லாம் சேர்த்து 2,600 ரூபாய். புளோயர் மோட்டார் கொஞ்சம் கரகரக்கிறது, இப்போதைக்கு ஓடும், நின்றால் மாற்றலாம் என்று சொல்லி அனுப்பினார். இல்லாத வேலையை அவர் சொல்லவில்லை, இருக்கிற குறையை மறைக்கவும் இல்லை.

காயவைப்பதுதான் பெரிய வேலை. கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் ஃபோம் தண்ணீரை விடவே விடாது. சீட்டைக் கழற்றாமல் அது வராது. சீட் கவர் தைக்கும் கடையில் கழற்றிக் கொடுத்தார்கள். மொட்டை மாடியில் போட்டு, மழை வந்தால் உள்ளே இழுத்து, டேபிள் ஃபேன் வைத்து, நான் கிளம்பும் வரைக்கும் அம்மாவுக்கு அதே வேலை. மேலே ஹீட்டரையும் வெயிலையும் காட்டிவிட்டு "காய்ந்துவிட்டது" என்று சொல்கிற கடைகளும் இருக்கின்றன. நம்பாதீர்கள். அடியில் தகரம் துருப்பிடித்துக்கொண்டே இருக்கும்.

இடது காலடியில் ஈரம் என்றால் எல்லாமே இதே காரணம் இல்லை. மழையே இல்லாத சித்திரையில் ஈரம் வந்தால் ஏசி வடிகால் குழாய் அடைத்திருக்கும். ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறதா என்று பாருங்கள். ஈரம் பிசுபிசுவென்று, நிறத்தோடு, இனிப்பு வாடையாக இருந்தால் அது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட், ஹீட்டர் ஒழுகுகிறது. சன்ரூஃப் வைத்த வண்டியில் பெரும்பாலும் நாலு மூலையிலும் மெல்லிய குழாய் உண்டு. அதில் அழுத்தக் காற்று அடிக்கவிடக் கூடாது, உள்ளே இணைப்பு கழன்றால் கூரைத் துணியையே பிரிக்கவேண்டி வரும். வாட்டர் வாஷ் கடையில் தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கியை வைப்பர் தட்டுக்குள் நேராகப் பிடிக்கிறார்கள், அதையும் தடுங்கள். இலை தழையெல்லாம் ஓட்டைக்குள்தான் போய் அடைகிறது.

இன்சூரன்ஸையும் கேட்டுப் பார்த்தேன். வெள்ளத்தில் மூழ்கினால் முழுக் காப்பீட்டில் வரும். எஞ்சினுக்குள் தண்ணீர் போனதற்குத் தனியாக எஞ்சின் காப்பு எடுத்திருக்கவேண்டும். இப்படி மெல்ல மெல்லக் கசிந்து அரித்தது தேய்மானக் கணக்கில் போய்விடும். அங்கே வழி இல்லை.

வழி இருப்பது வேறு இடத்தில், அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. இங்கிலாந்தில் வண்டி எண்ணைத் தட்டினால் ரீகால், அதாவது கோளாறைச் சரிசெய்யக் கம்பெனி திரும்ப அழைத்தது, பாக்கி இருக்கிறதா என்று அரசுத் தளமே சொல்லிவிடும். நம் ஊரில் 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 110ஏ பிரிவைக் கொண்டுவந்தது. ஓட்டுபவருக்கோ சாலையில் போகும் மற்றவருக்கோ ஆபத்தாகும் கோளாறு என்றால், வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்லி அரசே கம்பெனிக்கு உத்தரவிடலாம். அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. தயாராகி ஏழு வருடத்துக்குள் இருக்கும் வண்டிகளுக்கு மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் உரிமையாளர் புகார் பதியலாம். ஆண்டு விற்பனையைப் பொறுத்து இத்தனை புகார் வரவேண்டும் என்று வரம்பும் இருக்கிறது. பணம் கட்டி ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசலாம், இரண்டு வருடத்துக்குள் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். இணையத்திலேயே மனுப் போட முடிகிறது என்பதால் வெளிநாட்டில் இருந்தும் அப்பா அம்மாவுக்கு உதவலாம்.

கொட்டும் மழையில், நாலுவழிச் சாலையில், வைப்பர் நின்றுபோனால் என்ன ஆகும்? இதை வாசத்துக்கும் வசதிக்குமான குறை என்று ஒதுக்க முடியாது. எங்கள் வண்டிக்கு இன்னும் ஏழு வயது ஆகவில்லை. அப்பா பெயரில் புகார் பதிந்து, ஜாப் கார்டையும் சேற்றுத் தொட்டியின் படங்களையும் எடுத்து வைத்திருக்கிறேன். சர்வீஸ் சென்டருக்கும் வடிகால் சுத்தத்தைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி எழுதியாயிற்று, இதுவரை பதில் இல்லை. உங்கள் வீட்டு வண்டியிலும் இடது காலடி ஈரமாகி, பூட்டு தன்னால் விழுகிறது என்றால் தட்டைக் கழற்றிப் படம் எடுத்துக்கொண்டு நீங்களும் பதியுங்கள். எங்கள் ஒரு வீட்டுப் புகாரால் அந்த வரம்பு எட்டாது.