பெல்ஃபாஸ்ட்: மதிலின் இரு பக்கமும் ஒரு நடை

வட அயர்லாந்தின் தலைநகரான பெல்ஃபாஸ்டின் அரசியல் வரலாற்றைச் சுற்றிக் காட்டும் ஏற்பாடுகள் நிறைய உண்டு. கறுப்பு டாக்ஸியில் ஏற்றிச் சுவரோவியங்களைக் காட்டுவார்கள், மேல்தளம் திறந்த பஸ்ஸிலும் கூட்டிப் போவார்கள். நான் எழுத வந்தது இன்னொன்றைப் பற்றி. ஏறக்குறைய மூன்று மணி நேர நடை அது. பிரிட்டனிலிருந்து பிரிந்து ஒன்றுபட்ட அயர்லாந்து வேண்டும் என்று ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. இயக்கத்தில் இருந்து சிறை சென்ற ஒருவர் முதல் பாதியை நடத்துகிறார். கத்தோலிக்கர் பகுதியையும் புராட்டஸ்டண்ட் பகுதியையும் பிரிக்கும் சமாதான மதிலின் கதவு வந்ததும் அவர் நின்றுவிடுவார். கதவுக்கு அந்தப் பக்கம், பிரிட்டனோடுதான் இருக்க வேண்டும் என்று ஆயுதம் ஏந்திய எதிர்த்தரப்பான லாயலிஸ்ட் படையில் இருந்து சிறை சென்ற இன்னொருவர் காத்திருப்பார். மீதி நடை அவருடையது. கட்டணம் ஒன்றுதான்.

என் மகள் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். "முதல்ல டைட்டானிக் மியூசியம் பாத்துடலாம்மா" என்றாள். நான் இந்த நடைதான் முதலில் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். ஓய்வு பெறும்வரை மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்தியவள் நான். ஒரே நிகழ்ச்சியை அதில் பங்கெடுத்த இரண்டு எதிரிகளின் வாயால் அடுத்தடுத்துக் கேட்கும் வாய்ப்பு எந்த வரலாற்று ஆசிரியருக்கும் எளிதில் கிடைக்காது.

போவதற்கு முன் கொஞ்சம் தெரிந்துகொண்டு போவது நல்லது, ஏனென்றால் வழிகாட்டிகள் அடிப்படையிலிருந்து தொடங்குவதில்லை. அல்ஸ்டர் என்ற பழைய மாகாணத்தில் 9 கவுண்டிகள். 1609 முதல் ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் புராட்டஸ்டண்ட் குடும்பங்களைக் கொண்டுவந்து இங்கே பெருமளவில் குடியேற்றினார்கள். 1921இல் அயர்லாந்து பிரிக்கப்பட்டபோது அந்த ஒன்பதில் 6 கவுண்டிகள் பிரிட்டனோடு தங்கி வட அயர்லாந்து ஆயின. அங்கே சிறுபான்மையான கத்தோலிக்கர்களுக்கு வீடு, வேலை, வாக்கு எல்லாவற்றிலும் ஓரவஞ்சனை. உள்ளாட்சித் தேர்தலில் வீட்டுவரி கட்டுகிறவருக்கும் அவர் துணைவருக்கும்தான் வாக்கு. பெற்றோர் வீட்டில் ஒண்டியிருக்கும் வளர்ந்த பிள்ளைக்குக் கிடையாது. 1968இல் சம உரிமை கேட்டு ஊர்வலங்கள் தொடங்கின. 1969 ஆகஸ்டில் கலவரம் வெடித்து பிரிட்டிஷ் ராணுவம் தெருவில் இறங்கியது. 1998 வரை ஏறத்தாழ 3,500 பேர் இறந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் சாதாரணப் பொதுமக்கள்.

நடை டிவிஸ் டவரின் அடியில் தொடங்குகிறது. 20 மாடிக் குடியிருப்பு. கீழே ஜனங்கள் குடியிருக்க, மேல் இரண்டு மாடியில் ராணுவம் பல வருடம் கண்காணிப்பு நிலையம் வைத்திருந்தது. வீரர்கள் ஹெலிகாப்டரில் மொட்டைமாடியில் இறங்குவார்களாம். 1969 ஆகஸ்டில் பேட்ரிக் ரூனி என்ற 9 வயதுச் சிறுவன் தன் வீட்டுக்குள்ளேயே போலீஸ் குண்டு பாய்ந்து இறந்ததும் இந்த டிவிஸ் குடியிருப்பில்தான். முதல் வழிகாட்டி அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு எங்களைச் சற்று நேரம் கட்டடத்தைப் பார்க்கவிட்டார். அவசரப்படுத்தவில்லை. நல்ல ஆசிரியருக்கான குணம் அது.

ஃபால்ஸ் சாலை வழியே மேலே போனால் ஐ.ஆர்.ஏ. கைதி பாபி சாண்ட்ஸைக் காட்டும் சுவரோவியம். 1981இல் சிறையில் 66 நாள் உண்ணாவிரதம் இருந்து மே 5 அன்று இறந்தவர். உண்ணாவிரதத்தின் நடுவிலேயே நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவரைத் தொடர்ந்து இன்னும் 9 பேர் இறந்தார்கள். வழிகாட்டிக்கு அந்தச் சிறை நேரில் தெரியும் என்பதால் இங்கே அவர் பேச்சில் ஒரு கனம் வந்தது. ஆனால் நான் வேறொன்றைக் கேட்டேன். 1972 ஜூலை 21 அன்று ஐ.ஆர்.ஏ. இந்த நகரத்தில் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் 20 குண்டு போல வெடித்து 9 பேரைக் கொன்றதே, அதைப் பற்றி? அவர் தவிர்க்கவில்லை. அது தவறு, 2002இல் இயக்கமே அதற்கு மன்னிப்புக் கேட்டது என்றார். ஆனாலும் அதற்கு அவர் செலவிட்ட நேரம் குறைவு. உண்ணாவிரதத்துக்குக் கால் மணி நேரம், இதற்கு இரண்டு வாக்கியம். இந்த அளவு வித்தியாசத்தையும் கவனிக்கத்தான் நாம் போகிறோம்.

முதல் பாதியில் என்னை அதிகம் பாதித்தது பம்பாய்த் தெரு. நம் ஊர்ப் பெயர் தாங்கிய அந்தச் சின்னத் தெருவை 1969 ஆகஸ்டில் கொளுத்திவிட்டார்கள். பிறகு கட்டிய வீடுகளின் பின்பக்கம் சமாதான மதிலை ஒட்டியிருக்கிறது. மதில் மூன்று மாடி உயரத்துக்குப் போகிறது. அவ்வளவு உயரம் இருந்தும் கல்லும் பாட்டிலும் தாண்டி வந்து விழும் என்பதால், கொல்லைப்புறத்துக்கு மேலே இரும்பு வலைக்கூண்டு அடித்திருக்கிறார்கள். கூண்டுக்குள் துணி காய்கிறது. ஒரு வீட்டில் குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் கிடந்தது.

அந்தத் தெருவின் பின்னாலேயே குளோனார்டு மடம். சமாதானப் பேச்சின் விதை விழுந்த இடம் இதுதான். இங்கிருந்த பாதிரியார் அலெக் ரீட், ஐ.ஆர்.ஏ.வின் அரசியல் முகமான ஷின் ஃபேன் தலைவர் ஜெரி ஆடம்ஸையும், வன்முறையை ஒருநாளும் ஏற்காத இன்னொரு கத்தோலிக்கர் தரப்புக் கட்சியின் தலைவர் ஜான் ஹியூமையும் 1980களின் பின்பாதியில் ரகசியமாகப் பேச வைத்தார். வெளியே தெரிந்தபோது ஹியூமைத் திட்டாதவர் இல்லை. அவர் விடவில்லை. எரிந்த தெருவும் அந்தப் பேச்சு நடந்த மடமும் கூப்பிடு தூரத்தில் இருப்பதைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த வரலாறு தரையில் கால் ஊன்றியது. வழிகாட்டி மடத்தைக் கைகாட்டிவிட்டு நகர்ந்துவிட்டார். நீங்கள் போனால் உள்ளே சென்று உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

லனார்க் வே கதவு வந்தது. கனமான இரும்புக் கதவு, இப்போதும் இரவில் பூட்டுகிறார்கள். இருவரும் தலையசைத்துக்கொண்டார்கள், கைகுலுக்கினார்கள், நேற்றைய மழையைப் பற்றி ஏதோ பேசினார்கள். முதலாமவர் திரும்பி நடந்தார். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாம் வழிகாட்டி வேகமாகப் பேசுகிறவர். பெல்ஃபாஸ்ட் உச்சரிப்பு நம் காதுக்குப் பழக நேரம் எடுக்கும்; முன்னால் நின்று கேளுங்கள், புரியாவிட்டால் தயங்காமல் கேளுங்கள், மறுபடி சொல்கிறார். ஷாங்கில் சாலையில் 1993 அக்டோபர் 23 அன்று மீன் கடையில் ஐ.ஆர்.ஏ. குண்டு வெடித்த இடத்துக்கு அழைத்துப்போனார். சனிக்கிழமை மதியம், கடை நிறையக் கூட்டம். குண்டு கொண்டுவந்தவன் உட்பட 10 பேர் இறந்தார்கள், குழந்தைகளும் அதில் உண்டு. அதைச் சொல்லும்போது அவர் குரல் மெதுவானது. நாற்பது நிமிடத்துக்கு முன் மதிலின் அந்தப் பக்கம் இதே மாதிரி இன்னொருவர் குரல் மெதுவானதைக் கேட்டுவிட்டு வந்திருந்தேன். இந்த ஏற்பாட்டின் முழு மதிப்பும் இங்கேதான். ஒருவரை மட்டும் கேட்டால் அவர் பக்கம் சாய்ந்துதான் ஊர் திரும்புவோம். பொய் சொல்லாமலேயே நம்மைச் சாய்த்துவிட முடிகிற திறமை இருவருக்கும் இருக்கிறது.

இவரிடமும் கேட்டேன். 1970களில் இதே சாலையிலிருந்து கிளம்பி, கத்தோலிக்கர் என்பதற்காகவே ஆட்களைக் கடத்திக் கத்தியால் அறுத்த கும்பலைப் பற்றி. வெட்கக்கேடு என்று ஒரே சொல்லில் முடித்தார். 1994 அக்டோபர் 13 அன்று லாயலிஸ்ட் போர்நிறுத்தத்தை கஸ்டி ஸ்பென்ஸ் வாசித்ததைப் பெருமையோடு சொன்னார். 1966 கொலை வழக்கில் ஆயுள் தண்டனை அனுபவித்த ஸ்பென்ஸ், அந்த அறிக்கையில் அப்பாவிப் பலிகளின் குடும்பங்களிடம் உளமார வருத்தம் தெரிவித்தார். அது உண்மையில் பெரிய காரியம்தான்.

பிறகு குப்பர் வே. மதிலின் புகழ்பெற்ற நீளமான பகுதி. வழிகாட்டி பையிலிருந்து மார்க்கர் பேனா எடுத்து நீட்டினார். உலகம் முழுவதிலிருந்தும் வருகிறவர்கள் சமாதான வாசகம் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். நான் எழுதவில்லை, மகளையும் எழுத விடவில்லை. இதே மதிலின் மறுபக்கத்துக் கொல்லைக் கூண்டுகளைப் பார்த்துவிட்டு இதில் எழுத எனக்குக் கை வரவில்லை. நடத்துகிறவர்கள் இந்தப் பேனா வழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. 2023க்குள் எல்லா மதில்களையும் அகற்றுவதாக 2013இல் அங்குள்ள அரசு அறிவித்தது. இன்றும் நிற்கின்றன. சுற்றி வாழும் மக்களில் பலருக்கு அவை இல்லாமல் தூக்கம் வராது என்பதும் உண்மை.

பெரிய குறை இரண்டு. முதலாவது, பேசுகிற இருவரும் ஆயுதம் ஏந்தியவர்கள். கணவனை இழந்தவள், பிள்ளையை இழந்த தாய், எந்தப் பக்கமும் சேராத கடைக்காரர் இவர்களுக்கு இந்த நடையில் குரல் இல்லை. சிறை சென்றவர்கள் வழிகாட்டியாகச் சம்பாதிப்பது பலியானவர்களின் குடும்பங்களில் சிலருக்குப் பொறுக்காது. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அதை ஈடுகட்ட மூன்றாவதாக ஒருவரை, முடிந்தால் ஒரு பெண்ணை, நடையின் கடைசியில் பேச வைக்கலாம். 1976இல் மூன்று குழந்தைகள் தெருவில் இறந்ததைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கான பெண்களைத் திரட்டி, அந்த ஆண்டுக்கான நோபல் சமாதானப் பரிசைப் பெற்ற பெட்டி வில்லியம்ஸும் மெய்ரீட் காரிகனும் இந்த ஊர்க்காரர்கள். நடையில் அவர்கள் பெயர்கூட வரவில்லை.

இரண்டாவது, சண்டையை விரிவாகச் சொல்கிறார்கள், சமாதானம் எப்படி வந்தது என்பதை ஓட்டிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. 1994இல் ஐ.ஆர்.ஏ.வின் போர்நிறுத்தம், 1996இல் லண்டனில் குண்டு வெடித்து அது முறிவு, 1997இல் மறுபடி போர்நிறுத்தம். அமெரிக்காவின் ஜார்ஜ் மிட்செல் தலைமையில் மாதக்கணக்கில் பேச்சு. 1996இல் அவசரமாகத் தொடங்கிய பெண்கள் கூட்டணி தேர்தலில் இடம் பிடித்து அந்த மேஜையில் உட்கார்ந்தது. 1998 ஜனவரியில் லாயலிஸ்ட் கைதிகள் பேச்சுக்கு ஆதரவை விலக்கிக்கொண்டபோது, பிரிட்டிஷ் அமைச்சர் மோ மோலம் நேராக மேஸ் சிறைக்குள் போய் அவர்களோடு உட்கார்ந்து பேசினார். ஏப்ரல் 10 அன்று, புனித வெள்ளியில், ஒப்பந்தம். பெரும்பான்மை மக்கள் சம்மதிக்காமல் வட அயர்லாந்தின் நிலை மாறாது. பிறந்தவர்கள் பிரிட்டிஷாகவோ ஐரிஷாகவோ இரண்டுமாகவோ இருக்கலாம். ஆட்சியில் இரு தரப்புக்கும் பங்கு. போர்நிறுத்தம் காக்கும் இயக்கங்களின் கைதிகளுக்கு 2 ஆண்டுக்குள் விடுதலை. மே 22 வாக்கெடுப்பில் வடக்கில் 71 சதவீதம் பேர் ஆமென்றார்கள். ஆகஸ்டிலேயே ஓமாவில் குண்டு வெடித்து 29 பேர் இறந்தும் ஒப்பந்தம் உடையவில்லை. ஐ.ஆர்.ஏ. ஆயுதங்களைச் செயலிழக்கச் செய்து முடித்தது 2005இல்தான். அதற்குச் சாட்சியாக நின்ற இரண்டு மதகுருக்களில் ஒருவர் அதே அலெக் ரீட், மற்றவர் மெதடிஸ்ட் போதகர் ஹெரால்டு குட்.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது நகர மண்டபத்துக்கு எதிரே இருக்கும் லினன் ஹால் நூலகத்தில். 1788இல் தொடங்கியது. மோதல் காலத் துண்டறிக்கைகள், சுவரொட்டிகள், எல்லாத் தரப்பு வெளியீடுகளும் பாரபட்சமின்றிச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நடையை முடித்துவிட்டு அங்கே போங்கள்.

மகளின் விருப்பப்படி டைட்டானிக் பெல்ஃபாஸ்டும் போனோம். 2012இல் திறந்தது, கப்பல் கட்டிய தளத்தின் தலைமாட்டிலேயே நிற்கிறது. கட்டிய தொழிலாளர்களின் வாழ்க்கையைச் சொல்லும் பகுதி அருமை. செயின்ட் ஜார்ஜ் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும். சைவம் சாப்பிடுகிறவர்கள் அங்கே உருளைக்கிழங்கு ரொட்டியும் சோடா ரொட்டியும் சூடாக வாங்கிக்கொள்ளலாம், வயிறு நிறையும். ஜயண்ட்ஸ் காஸ்வேக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். 6 கோடி ஆண்டுக்கு முன் எரிமலைக் குழம்பு ஆறும்போது விரிசல் விட்டு உருவான சுமார் 40,000 கல்தூண்கள், பெரும்பாலும் ஆறு பக்கம், சிற்பி செதுக்கியதுபோல. ஈரக் கல்லில் வழுக்கும், முழங்கால் வலி உள்ளவர்கள் கைத்தடியோடு போகவும்.

ஆனால் நேரம் குறைவாக இருந்தால் காஸ்வேயை விட்டாலும் டெரியை விடாதீர்கள். புராட்டஸ்டண்டுகள் பெரும்பாலும் லண்டன்டெரி என்பார்கள். ரயிலில் இரண்டு மணி நேரம், கடைசிப் பகுதி கடலோரமாகவே ஓடுகிறது. 1618இல் முடித்த கோட்டை மதில் முழுவதும் இன்றும் நிற்கிறது, மேலே நடந்தே சுற்றிவிடலாம். 1689இல் ஜேம்ஸ் மன்னரின் படை 105 நாள் முற்றுகையிட்டும் விழாத மதில். அதிலிருந்து கீழே பார்த்தால் பாக்சைடு என்ற கத்தோலிக்கர் குடியிருப்பு. 1972 ஜனவரி 30 அன்று ராணுவம் ஊர்வலத்தில் சுட்டு 13 பேர் அன்றே இறந்தார்கள், இன்னொருவர் பிறகு. சம்பவம் நடந்த இடத்திலேயே ஃப்ரீ டெரி அருங்காட்சியகம் இருக்கிறது. பலியானவர்களின் குடும்பத்தார் போராடி, 12 ஆண்டு விசாரணைக்குப் பின் 2010இல் பிரதமர் கேமரூன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்கும்வரை நடந்த கதையை அங்கே சொல்கிறார்கள். பெல்ஃபாஸ்ட் நடையில் எனக்குக் கிடைக்காத குரல் இங்கே கிடைத்தது.

ஆகவே என் சிபாரிசு இந்த வரிசையில்: நடைக்கு முதல் நாள் ஏதாவது ஒரு சுருக்கமான வரலாறு படியுங்கள், மறுநாள் காலை நடை, மதியம் லினன் ஹால், அதற்கு அடுத்த நாள் டெரி. நடைக்கு முன்பதிவு அவசியம். குடை காற்றில் நிற்காது, மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் கழிப்பறை வசதி குறைவு, கிளம்பும் முன்பே போய்விடுங்கள். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தாராளமாக அழைத்துப் போகலாம், கேள்வியும் கேட்கச் சொல்லுங்கள். இரு வழிகாட்டிகளும் பிள்ளைகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். பலியானவர்களில் ஒருவரையும் பேச வைத்தால் ஐந்தாவதும் தருவேன்.