பால் சூடா இருந்தா தண்ணி ஊத்துனதா அர்த்தமா?

சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்த திருச்சி விமானம், புதுக்கோட்டை பஸ், சிம் கார்டு, ஏடிஎம் எல்லாம் இந்த முறை ஒழுங்காகவே நடந்தன. அதில் எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது, அறந்தாங்கியிலிருந்து இன்னும் உள்ளே தள்ளிக் கிடக்கும் ஒரு கிராமத்துப் பால் சொசைட்டியில் காலை ஆறேகால் மணிக்கு நடக்கும் கூத்தைப் பற்றித்தான்.

பெரியம்மா கறந்த கையோடு ஆறு லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு வருகிறார். கொழுப்பு பார்க்கும் மெஷின் ரிப்பேர். டெஸ்டர் ஒரு செம்பு பாலை மொண்டு, நுரையோடு உருளையில் ஊற்றிப் பால்மானியை (பாலின் அடர்த்தியைக் காட்டும் கண்ணாடி மிதவை) மிதக்க விடுகிறார். பால்மானி காட்டியது 26 டிகிரி, இது சூட்டின் டிகிரி அல்ல, அடர்த்தியின் அளவு. கொழுப்பைப் போன வாரச் சராசரிப்படி 4.2 என்று போட்டுக் கணக்கெழுத, எஸ்.என்.எஃப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருளின் சதவீதம்) எட்டுக்குக் கீழே வந்து நிற்கிறது.

“என்ன ஆத்தா, வாளி அலசுன தண்ணியும் சேந்து வந்துருச்சா?”

“எங்க மாட்டுக்கே தண்ணி பத்தலப்பா, பாலுக்கு எங்க போறது?”

வரிசை சிரித்தது. ரூபாய் குறைந்தது கிடக்கட்டும், நாலு பேர் முன்னால் கேட்ட அந்தக் கேள்விதான் வலிக்கிறது. சிங்கப்பூர்த் தேக்கா மார்க்கெட்டில் மீன் நிறுக்கும் தராசுக்குக்கூட அக்யுரசி முத்திரை ஒட்டியிருக்கும். இங்கே ஒரு குடும்பத்தின் நாணயத்தையே அளக்கும் கண்ணாடிக் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர் இல்லை.

விஷயம் இதுதான். மடியிலிருந்து இறங்கும் பால் மாட்டின் உடம்புச் சூட்டில், ஏறக்குறைய 38 டிகிரியில் இருக்கும். பக்கத்துத் தெரு சொசைட்டிக்கு வரும்போது 35. சூட்டில் பால் விரியும், அடர்த்தி குறையும், பால்மானி ஆழமாக மூழ்கும். நம் ஊரில் விற்கும் பால்மானி பெரும்பாலும் 27 டிகிரி வெப்பத்துக்கு அளவு போட்டது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் 0.2 கூட்ட வேண்டும். 35-க்கும் 27-க்கும் எட்டு டிகிரி வித்தியாசம், ஆக 1.6. பெரியம்மா பாலின் நியாயமான அளவு 27.6. பால்மானியில் ஒரு புள்ளி என்பது எஸ்.என்.எஃப்பில் கால் புள்ளி, எனவே 0.4 அநியாயமாகப் போயிற்று. எட்டுக்குக் கீழே கிடந்தது 8.4-ஐ ஒட்டி வந்திருக்கும். இன்னொரு விதமாகச் சொன்னால், அந்த 1.6 குறைவு நூற்றுக்கு ஆறு பங்கு தண்ணீர் ஊற்றிய பாலுக்குச் சமம். ஆறு லிட்டர் கேனில் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். டெஸ்டர் சந்தேகப்பட்டதும் அதைத்தான்!

நுரை வேறு. காற்றுக் குமிழி ஏறிய பால் இன்னும் லேசாகும். கறந்த பாலை அரை மணி நேரமாவது அசையாமல் வைத்து, நுரை அடங்கியதும் நீண்ட கரண்டியால் மேலும் கீழுமாக நாலைந்து முறை கலக்கி, உருளையில் சரிவாக ஊற்ற வேண்டும். விளிம்பு வரை நிரப்பி, பால்மானி சுவரில் ஒட்டாமல் நின்ற பிறகு கண்ணுக்கு நேராகப் பார்க்க வேண்டும். பால்மானியின் கழுத்தில் எந்த வெப்பநிலைக்கானது என்று எழுதியிருக்கும். 15.5 என்றிருந்தால் அது வேறு வகை, கூட்ட வேண்டியதும் அதிகம். வேன் ஏழு மணிக்கு வந்துவிடும், வெயில் ஏறினால் பால் திரியும் என்பது உண்மைதான். எல்லோராலும் அரை மணி நேரம் காத்திருக்க முடியாதுதான். ஆனால் கேனைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினாலே சூடு சீக்கிரம் தணியும். அதுவும் முடியாவிட்டால் வெப்பநிலையைப் பார்த்துக் கூட்டி எழுதலாமே.

வேடிக்கை என்னவென்றால், உண்மையில் ஏமாற்றுகிறவனைப் பால்மானி மட்டும் வைத்துப் பிடிக்க முடியாது. பாலாடையை எடுத்தால் பால்மானி அளவு ஏறும், தண்ணீர் ஊற்றினால் இறங்கும். இரண்டையும் செய்தவன் பால் 28 காட்டிக்கொண்டு மிதக்கும். அதனால்தான் கொழுப்பு மெஷின் வேண்டும். அது ரிப்பேரானதன் காரணமும் புதிதல்ல: உள்ளே இருக்கும் மெல்லிய குழாயில் பால் காய்ந்து கல்லாகிவிட்டது. காலை மாலை வேலை முடிந்ததும் வெந்நீர் ஓட்டுவதும், வாரம் ஒருமுறை அதற்குரிய திரவத்தில் கழுவுவதும்தான் அதற்கு வைத்தியம். வெள்ளை அடித்த கட்டடம், புது ஷட்டர், வாசலில் கோலம், எல்லாம் இருக்கிறது. வெந்நீருக்கு மட்டும் அடுப்பு இல்லை.

கொழுப்பு குறைந்தால் உடனே தீவனத்தைத் திட்டுவதும் சரியல்ல. கறவையின் முதல் பாலில் கொழுப்பு சொற்பம், கடைசிச் சுரப்பில்தான் கெட்டி. சுரப்புக்காகக் கன்றை முதலில் கொஞ்சம் ஊட்டவிட்டு, பிறகு மடியை ஒட்டக் கறக்க வேண்டும். கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டால் கன்று கொழுக்கும், சொசைட்டி தரும் பணச் சீட்டு மெலியும். (கன்று கொழுத்தால் என்ன குறை என்று பெரியம்மா கேட்டார். அதற்கு விடை சொல்ல முடியவில்லை.) காலைக்கும் மாலைக்கும் இடைவெளி சமமில்லாவிட்டால், நீண்ட இரவுக்குப் பின் வரும் காலைப் பாலில் லிட்டர் கூடும், கொழுப்பு இறங்கும். இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ கலப்புத் தீவனம், உடம்பைக் காக்க ஒன்றரை கிலோ தனியாக, பசும்புல், தாது உப்பு என்பதெல்லாம் அங்கே எல்லாருக்கும் தெரிந்த கணக்குதான். வெறும் வைக்கோலில் ஓட்டும் கோடையில்தான் எஸ்.என்.எஃப் நிஜமாகவே இறங்கும்.

ஆவினின் பசும்பால் கொள்முதல் விலை 2022 நவம்பரில் லிட்டருக்கு 32-லிருந்து 35 ரூபாயாக ஏறியபோது ஊரே மகிழ்ந்தது. ஆனால் விலை தரத்தைப் பொறுத்ததுதான், பால்மானி டிகிரி குறைந்தால் விலையும் குறையும். சிங்கப்பூரின் ஃபேர்பிரைஸ் கடையில் மூன்று வெள்ளிக்கு மேல் கொடுத்து ஒரு லிட்டர் பாக்கெட் வாங்கும்போது, 100 மில்லிக்குக் கொழுப்பு எவ்வளவு என்று அச்சடித்திருக்கும். யாரும் யாரையும் ஆத்தா என்று கூப்பிட்டுக் கேள்வி கேட்பதில்லை. பாலில் வாசமும் இல்லை என்பது வேறு விஷயம்.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: அதே வீட்டில் மடி வீங்கிய மாட்டுக்காக 1962 என்ற கால்நடை மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் போட்டதும், கேட்ட கேள்விகள் நறுக்கென்று இருந்தன. காதுத் தோட்டின் பன்னிரண்டு இலக்க எண், கன்று ஈன்ற நாள், பாலில் திரி வருகிறதா என்றார்கள். வண்டி வந்தது, டாக்டர் இறங்கினார். சிங்கப்பூரில் பூனைக்கு டாக்டர் பார்க்க ஆகும் செலவை நினைத்தால் இது அதிசயம்தான்.

சொசைட்டிச் செயலாளரிடம் வெப்பநிலைத் திருத்த அட்டவணையைச் சுவரில் ஒட்டலாமே என்று கேட்டதற்கு அவர் மறுக்கவில்லை. ஒட்டலாம், ஆனால் பொதுக்குழுவில் தீர்மானம் போட வேண்டுமாம். தெர்மாமீட்டருக்கு மூன்று கொட்டேஷன் வாங்க வேண்டுமாம்.