ஆன்லைன் ஸ்பானிஷ் 1: ரீஃபண்ட் கெடுவை முதலில் பாருங்கள்

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் படிப்பு தரும் அரசுக் கல்லூரி) ஸ்பானிஷ் படிக்க நினைக்கும் நம்மாட்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, கோடை விடுமுறையில் நடக்கும் ஆன்லைன் வகுப்பைத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு. வாத்தியார் பாடமே நடத்தாத ஒரு வகுப்புக்கு என்னிடம் காசு வாங்கினார்கள். அது தெரியவந்தபோது பணத்தைத் திரும்பக் கேட்கும் கெடு முடிந்துவிட்டிருந்தது. காலேஜ் பெயரைப் போடவில்லை. நான் சொல்லப்போகும் பணவிதி மாநிலம் முழுக்க ஒன்றுதான், அதனால் பெயர் தெரியாவிட்டாலும் குறைவில்லை.

நான் மருந்துக்கடை கவுன்ட்டரில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களில் நிறையப் பேர் ஸ்பானிஷ் மட்டும்தான் பேசுவார்கள். 'சாப்பிட்ட பிறகு, ஒரு நாளைக்கு இரண்டு' என்பதை விரல் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தால் எத்தனை நாளைக்கு ஓடும்? எனக்கு வேண்டியது இலக்கணமோ மார்க்கோ இல்லை, வாயைத் திறந்து பேசப் பழக ஒரு இடம். அதனால் சேரும் முன்பே காலேஜுக்கு போன் போட்டு, ஆசிரியரோடு பேசிப் பழக வாய்ப்பு உண்டா என்று கேட்டேன். வாரம் ஒருமுறை ஜூமில் நேரடி வகுப்பு இருக்கும் என்று எடுத்தவர் உறுதியாகச் சொன்னார். அட்டவணையில் நேரம் 'பின்னர் அறிவிக்கப்படும்' என்றும், ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஸ்டாஃப்' என்றும் இருந்தது.

இப்போது பணக்கணக்கு. பாடத்தின் அளவை யூனிட் என்று கணக்கிடுவார்கள், மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட் 46 டாலர். ஸ்பானிஷ் 1, அதாவது ஆரம்பநிலை வகுப்பு, பெரும்பாலும் 5 யூனிட், ஆக 230 டாலர். முழு செமஸ்டர் வகுப்பென்றால் முதல் இரண்டு வாரத்துக்குள் விலகினால் பணம் வந்துவிடும். குறுகிய கால வகுப்புக்கோ, மொத்தக் காலத்தில் பத்து சதவீதம் முடிவதற்குள் விலக வேண்டும். எட்டு வார வகுப்பு என்றால் அது ஐந்தாறு நாள். திங்கட்கிழமை தொடங்கினால் வெள்ளி, சனியோடு கதை முடிந்தது.

அந்த முதல் வாரத்தில் எங்களுக்கு வந்ததெல்லாம் ஒரு வரவேற்பு வீடியோவும், 'உங்களைப் பற்றி எழுதுங்கள்' என்று ஒரு பதிவும்தான். ஜூம் அடுத்த வாரம் தொடங்கும், அதற்குள் எல்லாரும் செட்டில் ஆகிவிடுங்கள் என்று ஆசிரியர் எழுதியிருந்தார். பயிற்சிகள் எல்லாம் பாடப்புத்தகப் பதிப்பகத்தின் தளத்தில். அதுவும் முதல் இரண்டு வாரம் இலவசம், அப்புறம்தான் ஆக்சஸ் கோடு வாங்க வேண்டும். ஆக, கெடு முடிகிற நாள் வரை வகுப்பும் தெரியாது, முழுச் செலவும் தெரியாது.

அடுத்த வாரம் வந்தது. ஜூம் என்பது நேரடி வகுப்பு இல்லையாம், சந்தேகம் இருப்பவர்கள் வந்து கேட்கும் நேரமாம். சரி, அதற்காவது போவோம் என்று உட்கார்ந்தேன். 'ஹோஸ்ட் வரும்வரை காத்திருக்கவும்' என்ற திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தேன். அதற்கடுத்த வாரமும் அப்படியே. 'இரு' என்ற பொருளுக்கு ஸ்பானிஷில் இருக்கும் செர், எஸ்தார் என்ற இரண்டு வினைச்சொற்களையும் எங்கே எப்படிப் பிரித்துப் போடுவது என்று மெசேஜில் கேட்டதற்கு, சில நாள் கழித்து, புத்தகத்தின் பக்க எண் பதிலாக வந்தது. அந்தப் பக்கத்தைப் படித்துக் குழம்பித்தானே கேட்டேன்!

ஆக்சஸ் கோடுக்கு நூறு டாலருக்கு மேல் ஆனது. ஒருவர் பயன்படுத்திய கோடு இன்னொருவருக்கு உதவாது என்பதால் பழைய புத்தகம் வாங்கியும் தப்பிக்க முடியாது. உறையைப் பிரித்துவிட்டால் கடையிலும் திருப்பி எடுக்க மாட்டார்கள். அத்தனை மார்க்கும் அந்தத் தளம் போடுவதுதான். எழுத்தின் மேலே போடும் சின்ன அழுத்தக்குறியை விட்டால் முழுத் தப்பு. ஏன் தப்பு என்று சொல்ல ஆள் கிடையாது.

பேச்சுப் பயிற்சியைக் கேளுங்கள். திரையில் கேள்வி வரும், மைக்கை அழுத்தி ஸ்பானிஷில் பதில் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். நான் தொண்டை வற்றச் சொன்ன எல்லாவற்றுக்கும் பத்துக்குப் பத்து. என் ஆர் உச்சரிப்புக்குப் பத்துக்குப் பத்தா என்று எனக்கே சந்தேகம். விடுமுறையில் என்ன செய்தீர்கள் என்று கேட்ட ஒரு கேள்விக்கு, ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வரைக்கும் தமிழில் எண்ணி அனுப்பினேன். அதற்கும் பத்துக்குப் பத்து! வகுப்பு முடியும்வரை அந்தப் பதிவைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கூடப் படித்தவர்களில் பலர் வீட்டிலேயே ஸ்பானிஷ் பேசி வளர்ந்த பிள்ளைகள். அவர்களுக்கென்று தனி வகுப்பு பல காலேஜ்களில் உண்டு, ஆனால் சுலபமாக ஏ கிடைக்கும் என்று இங்கே வந்துவிடுகிறார்கள். கலந்துரையாடல் பக்கத்தில் அவர்கள் பத்தி பத்தியாக எழுத, மற்றவர்கள் மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டு எடுத்து ஒட்டுகிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை, ஆரம்பநிலை என்று போர்டு மாட்டியவர்கள் பார்க்க வேண்டிய வேலை அது.

பாதியில் டீனுக்கு (துறைகளைக் கவனிக்கும் காலேஜ் அதிகாரி) எழுதினேன். உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் 'பாடம் நன்றாக இல்லை' என்று எழுதாதீர்கள், மதிக்க மாட்டார்கள். அமெரிக்க மத்திய விதிப்படி, ஆசிரியர் மாணவரோடு முறையாகவும் உருப்படியாகவும் தொடர்பில் இருந்தால்தான் அது தொலைநிலைக் கல்வி. இல்லாவிட்டால் அது வெறும் அஞ்சல்வழிப் படிப்பு. கலிஃபோர்னியாவின் கல்வி விதிகளான டைட்டில் 5-இல் 55204 என்ற பிரிவும் ஆசிரியர் தொடர்பைப் பற்றியதுதான். இந்த எண்ணைக் குறிப்பிட்டு, பூட்டிக் கிடந்த ஜூம் அறையின் ஸ்க்ரீன்ஷாட்டுகளையும் பத்துக்குப் பத்து வாங்கிய தமிழ் எண்களையும் இணைத்த பிறகுதான் பதிலே வந்தது.

முடிவு? டிரான்ஸ்கிரிப்டில், அதாவது மதிப்பெண் பட்டியலில், டபிள்யூ (வகுப்பிலிருந்து விலகியவர்) விழாமல் ஈ.டபிள்யூ (தக்க காரணத்தோடு விலகியவர்) போட்டுக் கொடுத்தார்கள். இது சின்ன விஷயம் இல்லை. ஒரே வகுப்பில் மூன்று முறைக்கு மேல் பொதுவாகச் சேர முடியாது. டபிள்யூ அதில் ஒரு முறையாகக் கணக்கில் வரும், ஈ.டபிள்யூ வராது. பணம் மட்டும் வரவில்லை, கெடு தாண்டிவிட்டதாம். கோடுக்குக் கொடுத்த காசு பதிப்பகத்தின் பாடு என்றார்கள், பதிப்பகத்தைக் கேட்டால் காலேஜைக் கேள் என்றார்கள்.

சேரப் போகிறவர்கள் பணம் கட்டும் முன்பே ஆசிரியர் யார் என்று கேட்டு, அவருக்கே மெயில் போட்டு, நேரடி வகுப்பு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். போனில் சொன்னதை அப்புறம் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. அட்டவணையில் புத்தகச் செலவில்லாத வகுப்புகளுக்குத் தனி அடையாளம் போட்டிருப்பார்கள். மாநிலச் சட்டமே அப்படிப் போடச் சொல்கிறது, அதைப் பார்த்துத் தேடினால் கோடு தொல்லை இருக்காது. எட்டு வார வகுப்பு மட்டும் வேலைக்குப் போகிறவர்களுக்கு வேண்டவே வேண்டாம். ஸ்பானிஷ் 1 என்பது பள்ளியில் இரண்டு வருடம் படிப்பதற்குச் சமம். சுமார் 90 மணி நேரப் பாடத்தை எட்டு வாரத்தில் அடைத்தால் வாரம் பதினோரு மணி நேரத்துக்கு மேல், வீட்டுப்பாடம் அதுபோல இரண்டு மடங்கு.

எச்4 விசாவில் (வேலை விசாக்காரரின் துணை, பிள்ளைகளுக்கான விசா) புதிதாக வந்தவர்களுக்கு இன்னொன்று. மாநிலத்தில் ஒரு வருடமும் ஒரு நாளும் இருந்ததற்கு ஆதாரம் இல்லாவிட்டால் 46 டாலர் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது, கட்டணம் பல மடங்கு ஏறும்.

சான் ஹோசே, ஃப்ரீமான்ட் பக்கம் மாலையில் நேரடியாக நடக்கும் ஸ்பானிஷ் வகுப்பு யாருக்காவது நன்றாக அமைந்திருந்தால் சொல்லுங்கள். யூனிட் எதுவும் வேண்டாம், எதிரில் உட்கார்ந்து திருத்த ஒரு ஆள் இருந்தால் போதும்.