கிழக்கு ஆப்பிரிக்காவின் எளிய எல்லை வர்த்தக முறை: வியாபாரிக்கு நன்று, உற்பத்தியாளருக்கு அரைகுறை

கென்யா, உகாண்டா, தான்சானியா, ருவாண்டா முதலிய நாடுகளின் கூட்டமைப்பான கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் சிறு வணிகர்களுக்காக நடத்திவரும் எளிய எல்லை வர்த்தக முறையையும், அதைச் சார்ந்து இயங்கும் எல்லைச் சாவடி, பணப் பரிமாற்றம், புகார் ஏற்பாடு ஆகியவற்றையும் ஒரே சேவையாகக் கருதி இங்கே மதிப்பிடுகிறேன். பட்டறை வைத்து ஒரு பொருளைச் செய்து அண்டை நாட்டில் விற்க நினைப்பவருக்கு இவையெல்லாம் சேர்ந்துதான் ஒரு சேவை. இவற்றில் ஒன்று பழுதானாலும் சரக்கு பாதி வழியில் நின்றுவிடும். வாங்கி விற்கும் சிறு வியாபாரிக்கு இந்த முறை நன்றாக உதவுகிறது. ஒரு பொருளை உருவாக்குகிறவருக்கு, அதிலும் வேறொரு நாட்டுப் பட்டறையோடு கூட்டுச் சேர்ந்து உருவாக்குகிறவருக்கு, பாதி வழி வரைதான் துணை வருகிறது.

முறையின் அடிப்படை எளிது. சரக்கின் மதிப்பு 2,000 அமெரிக்க டாலருக்குள் இருந்து, அது உறுப்பு நாடு ஒன்றில் விளைந்ததாகவோ செய்யப்பட்டதாகவோ இருந்தால், வழக்கமான உற்பத்தி நாட்டுச் சான்றிதழுக்குப் பதிலாக எல்லையிலேயே சுங்க அதிகாரி முத்திரையிட்டுத் தரும் எளிய சான்றிதழ் ஒன்றே போதும். சுங்கத் தீர்வை கிடையாது. சுங்க முகவரை அமர்த்திக் கூலி கொடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கிழக்கு, தென் ஆப்பிரிக்க நாடுகளின் பொதுச் சந்தையான கோமெசா அமைப்பு 2010 முதல் நடைமுறைப்படுத்திவரும் எளிய வர்த்தக ஏற்பாடும் ஏறத்தாழ இதே வகைதான் என்றாலும், அதில் எந்தெந்தப் பொருள்களுக்குச் சலுகை உண்டு என்பதை எல்லையைப் பகிரும் இரு நாடுகளும் தங்களுக்குள் பேசிப் பட்டியலிட்டுக்கொள்கின்றன. கென்யாவும் உகாண்டாவும் இரண்டு அமைப்புகளிலும் இருக்கின்றன. தான்சானியா கோமெசாவில் இல்லை. ஆகவே கென்யா, உகாண்டா நடுவிலான பூசியா எல்லையில் பொருந்தும் ஒரு விதி கென்யா, தான்சானியா நடுவிலான நமாங்கா எல்லையில் பொருந்தும் என்று நினைத்துக்கொண்டு சரக்கை ஏற்றக் கூடாது.

இந்தச் சலுகையைப் பற்றிப் பரவலாக இருக்கும் ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எளிய சான்றிதழ் நீக்குவது சுங்கத் தீர்வையை மட்டுமே. மதிப்புக்கூட்டு வரியோ கலால் வரியோ அந்தப் பொருளுக்கு உண்டென்றால் அவற்றைக் கட்டித்தான் ஆக வேண்டும். தாவர நலச் சான்றிதழ், கால்நடை நலச் சான்றிதழ் முதலியவையும் தேவைப்படும் இடங்களில் தேவைப்படவே செய்யும். “வரியே இல்லை” என்று கேள்விப்பட்டு வருகிறவர் எல்லையில் வரிச்சீட்டைப் பார்த்ததும் ஏமாந்ததாக உணர்கிறார். அடுத்த முறை அவர் சுங்கச்சாவடியைச் சுற்றிப் போகும் குறுக்குப் பாதையைத் தேடுவதில் வியப்பில்லை. சலுகையைப் பாதி மட்டும் விளக்கி விளம்பரப்படுத்துவது இந்தச் சேவையின் பெரிய பலவீனங்களுள் ஒன்று என்பேன்.

பூசியாவின் ஒருங்கிணைந்த எல்லைச் சாவடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனெனில் அது தன் வேலையைச் செய்கிறது. 2018 பிப்ரவரியில் கென்ய, உகாண்டா அதிபர்கள் முறைப்படி தொடங்கிவைத்த இந்தச் சாவடியில், உகாண்டாவுக்குள் நுழையும் வண்டி கென்யப் பக்கம் ஒருமுறையும் உகாண்டாப் பக்கம் மறுமுறையும் வரிசையில் நிற்பதில்லை. இரு நாட்டு அதிகாரிகளும் நுழையும் நாட்டின் வளாகத்திலேயே அருகருகே அமர்ந்து வேலையை முடித்துவிடுகிறார்கள். இந்த ஏற்பாட்டை ஆப்பிரிக்காவில் முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது ஜாம்பியா, ஜிம்பாப்வே எல்லையில் உள்ள சிருண்டு. அது 2009இல் திறக்கப்பட்டது. தலைச்சுமையாகவும் மிதிவண்டியிலும் சரக்கு கொண்டுவரும் சிறு வியாபாரிகளில் பெரும்பான்மையினர் பெண்கள். லாரிகளுக்கு மிச்சமாகும் நேரம் அவர்களுக்கும் அதே அளவில் மிச்சமாகிறது என்று சொல்லிவிட முடியாது. இருந்தாலும் பழைய நிலையோடு ஒப்பிட்டால் முன்னேற்றம் கண்கூடு.

இனி உற்பத்தியாளரின் பக்கம் வருவோம். நைரோபியின் கமுகுஞ்சி பகுதியில் தகரமும் இரும்புத் தகடும் தட்டிப் பெட்டி, தள்ளுவண்டி, கரி அடுப்பு என்று செய்யும் ‘ஜூவா காலி’ கைவினைஞர்களை எடுத்துக்கொள்வோம். அங்கே செய்யப்படும் பொருள்களில் ‘ஜிக்கோ’ என்ற கரி அடுப்பு இந்த விஷயத்துக்கு மிகப் பொருத்தமானது. தாய்லாந்து வாளி அடுப்பின் சாயலில் 1980களின் தொடக்கத்தில் கென்யாவில் உருவான இந்த அடுப்புக்கு இரண்டு பாகங்கள் உண்டு. வெளிக்கூடு உடுக்கை போல இடை சிறுத்த தகரக் கூடு. உள்ளே சூளையில் சுட்ட களிமண் கிண்ணம். சிமென்டும் வெர்மிகுலைட் என்ற கனிமமும் கலந்த சாந்தால் இரண்டையும் ஒட்டுகிறார்கள். கூடு தட்டுகிறவரும் கிண்ணம் சுடுகிறவரும் பெரும்பாலும் வெவ்வேறு பட்டறைக்காரர்கள். கூட்டு உற்பத்தி என்று மாநாடுகளில் பேசப்படுவது இந்த அடுப்பில் எந்த ஒப்பந்தத் தாளும் இல்லாமல் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. அதன் வடிவம் உகாண்டா, தான்சானியா, ருவாண்டா என்று அண்டை நாடுகளுக்கும் பரவியிருக்கிறது.

இப்போது நல்ல களிமண் எல்லைக்கு அப்பால் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிண்ணத்தை உகாண்டாவில் சுட்டு, கூட்டை நைரோபியில் தட்டி, இணைத்த அடுப்பை மறுபடியும் உகாண்டாச் சந்தைக்கு அனுப்ப ஒரு பட்டறை முனைகிறது. எளிய வர்த்தக முறை இதற்கு எவ்வளவு உதவும்?

உற்பத்தி நாடு பற்றிய விதிகளைப் பொறுத்தவரை நன்றாகவே உதவுகிறது. ஓர் உறுப்பு நாட்டில் உருவான மூலப்பொருளை மற்றோர் உறுப்பு நாட்டில் பயன்படுத்தினால் அதை அந்த இரண்டாவது நாட்டுப் பொருளாகவே கணக்கிட வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. ஆகவே உகாண்டாக் கிண்ணம் கென்ய அடுப்பின் தகுதியைக் குறைக்காது. வெளிநாட்டிலிருந்து வந்த எஃகுத் தகட்டைப் பயன்படுத்தினாலும், தகடு அடுப்பாகும்போது சுங்கப் பட்டியலில் அதன் தலைப்பே மாறிவிடுகிறது; தகுதி பெற அதுவும் ஒரு வழி. பல பொருள்களுக்கு, வெளியிலிருந்து வந்த மூலப்பொருளின் மதிப்பு ஆலை விலையில் (ஆலை வாசலில் பொருளுக்குள்ள விலையில்) 70 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தாலும் போதும் என்ற வழியும் உண்டு. சட்டத்தை எழுதியவர்கள் கூட்டு உற்பத்தியை மனத்தில் வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

சிக்கல் 2,000 டாலர் வரம்பில் தொடங்குகிறது. பீன்ஸ் மூட்டைகளுக்கும் தக்காளிக் கூடைகளுக்கும் தாராளமான அந்த வரம்பு, செய்பொருள்களை ஒரு லாரியில் ஏற்றினால் வெகு சீக்கிரம் தாண்டப்பட்டுவிடும். பட்டறைக்காரருக்குப் போக்குவரத்துச் செலவு கட்டுப்படியாக வேண்டுமென்றால் லாரி நிறைய வேண்டும். லாரி நிறைந்தால் சலுகை போய்விடும். அதன் பிறகு முழு அளவிலான உற்பத்தி நாட்டுச் சான்றிதழ், மின்னணுச் சுங்க அறிவிப்பு, சுங்க முகவரின் கட்டணம் ஆகிய எல்லாமும் சேர்ந்துகொள்கின்றன. ஒரே சரக்கைச் சிறு சிறு பங்குகளாகப் பிரித்து வெவ்வேறு ஆட்களின் பெயரில் கடத்திவிடும் வழக்கம் இந்த வரம்பு பெற்ற பிள்ளை. அப்படிச் செய்வது விதிமீறல் என்பதால் யாருக்கும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் சலுகைக்கும் முழு நடைமுறைக்கும் நடுவே படிக்கட்டே இல்லாமல் ஒரு சுவரை எழுப்பிவிட்டு, அதை யாரும் தாண்டிக் குதிக்கக் கூடாது என்று எதிர்பார்ப்பது நியாயமாகப் படவில்லை.

இரண்டாவது சிக்கல் தரமுத்திரை. என் கணிப்பில் வரம்பைவிட இதுவே பெரியது. கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தின் 2006ஆம் ஆண்டுத் தர நிர்ணயச் சட்டத்தின் நோக்கப்படி, ஓர் உறுப்பு நாட்டுத் தர நிறுவனம் கொடுத்த முத்திரையை மற்ற நாடுகள் ஏற்க வேண்டும். உகாண்டாவின் ‘கியூ’ முத்திரையோ ருவாண்டாவின் ‘எஸ்’ முத்திரையோ இருந்தால் எல்லையில் மறுபரிசோதனை வேண்டாம். முத்திரை பெற்றுவிட்ட நிறுவனத்துக்கு இது பெரும் வரம்தான். ஆனால் முத்திரையைப் பெறுவதற்கு மாதிரிப் பரிசோதனை, பட்டறை ஆய்வு, ஆண்டுக் கட்டணம் ஆகியவை வேண்டும். திறந்தவெளியில் தகரம் தட்டும் ஒருவரால் இவற்றைத் தனியாகச் சமாளிக்க முடிவதில்லை. கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து ஒரே அச்சு, ஒரே அளவு என்று முடிவு செய்து பொதுவில் முத்திரைக்கு விண்ணப்பிப்பதுதான் நடைமுறையில் கைகொடுக்கும். கூட்டுத் தொழில் என்று பேசுகிறவர்கள் எல்லைக்கு அப்பாலுள்ள கூட்டாளியைத் தேடுவதற்கு முன் பக்கத்துப் பட்டறையோடு சேர்வதற்கு உதவினால் பலன் அதிகமாக இருக்கும்.

தரம் என்ற காரணத்தால் எல்லை எவ்வளவு சீக்கிரம் மூடிக்கொள்ளும் என்பதை 2021 மார்ச் மாதம் காட்டியது. அஃப்ளாடாக்சின் நச்சு அதிகமாக இருப்பதாகச் சொல்லி உகாண்டா, தான்சானியா நாடுகளின் மக்காச்சோளத்தைக் கென்யா திடீரென்று தடுத்தது. சில நாட்களிலேயே நிபந்தனைகளோடு மீண்டும் அனுமதித்தது. நச்சு பற்றிய கவலை உண்மையானதே. ஆனாலும் முன்னறிவிப்பில்லாத தடையால் எல்லையில் காத்துக்கிடக்கும் சரக்கின் இழப்பை யாரும் ஈடுசெய்வதில்லை. மக்காச்சோளத்தை மாவாக்கி விற்கும் சிறு ஆலைக்காரர் எல்லைக்கு அப்பாலுள்ள விவசாயிகளோடு நீண்டகால ஒப்பந்தம் செய்யத் தயங்குவதற்கு இத்தகைய நிகழ்வுகளே போதுமான காரணம்.

பணம் வந்து சேரும் வழியில் நிலைமை பரவாயில்லை. கைப்பேசிப் பணம் இந்த வட்டாரத்தில் வேரூன்றியிருப்பதால் சிறு தொகைகள் எளிதாகக் கைமாறுகின்றன. மத்திய வங்கிகளை இணைக்கும் கிழக்கு ஆப்பிரிக்கப் பணம் செலுத்தும் முறை இருக்கிறது என்றாலும், அது வங்கிக் கணக்கும் பெருந்தொகையும் உள்ளவர்களுக்கானது. ஆப்பிரிக்க ஏற்றுமதி இறக்குமதி வங்கியான ஆஃப்ரெக்சிம் 2022 ஜனவரியில் கானாவின் அக்ராவில் தொடங்கிவைத்த ‘பாப்ஸ்’ முறை, வாங்குபவர் தம் நாட்டு நாணயத்தில் செலுத்த, விற்பவர் தம் நாட்டு நாணயத்தில் 120 வினாடிகளுக்குள் பெறலாம் என்ற உறுதியோடு வந்தது. முதலில் நைஜீரியா, கானா உள்ளிட்ட மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் ஆறில்தான் அது வேர்விட்டது. டாலரைத் தேடி அலையும் தொல்லையைத் தீர்க்கும் திட்டம் என்ற அளவில் மிகவும் பாராட்டுகிறேன். எனினும் உங்கள் வங்கிக் கிளை அதில் இணைந்திருக்கிறதா என்று விசாரித்த பிறகே விலைப்பட்டியலை அனுப்புங்கள்.

கண்டம் தழுவிய தடையற்ற வர்த்தகப் பகுதி இதற்கெல்லாம் மாற்றாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. 2018இல் கிகாலியில் கையெழுத்தாகி 2021 ஜனவரியில் வர்த்தகம் தொடங்கிய அந்த ஒப்பந்தத்தின் கீழ், 2022இல் எட்டு நாடுகளோடு வழிகாட்டு வர்த்தகத் திட்டம் ஒன்று தொடங்கியது. கென்யாவிலிருந்து கானாவுக்கு மின்கலங்களும் தேயிலையும் சென்றன. ஆனால் அந்தக் கப்பலில் இடம் பிடிப்பவை பெரும்பாலும் நிலைபெற்ற நிறுவனங்களின் பொருள்களே. கமுகுஞ்சிப் பட்டறைக்கு கானாவைவிட உகாண்டாவின் கம்பாலாதான் பக்கம், எனவே இப்போதைக்கு வட்டார ஏற்பாடுகளையே நம்புவது புத்திசாலித்தனம்.

எல்லையில் அநியாயம் நடந்தால் முறையிடுவதற்கு, வரி அல்லாத தடைகளைப் பதிவு செய்யும் இணையவழிப் புகார் முறை இருக்கிறது, குறுஞ்செய்தியிலும் பதியலாம். புகார் சம்பந்தப்பட்ட நாட்டின் பொறுப்பு அதிகாரிக்குப் போகிறது, அதன் நிலையை யாரும் பார்க்க முடிகிறது. வெளிப்படைத்தன்மைக்காக இதற்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். அழுகும் பொருளை வைத்துக்கொண்டு பதிலுக்காகக் காத்திருப்பவருக்கு மட்டும் இதனால் பெரிய ஆறுதல் இல்லை.

கூட்டாளியைத் தேடும் வேலைக்கு இந்த முறையில் தனி ஏற்பாடு எதுவும் கிடையாது. 1999 முதல் உறுப்பு நாடுகளில் மாறி மாறி நடக்கும், முன்பு ‘ஜூவா காலி, நுகுவு காசி’ என்று அழைக்கப்பட்ட சிறுதொழில் கண்காட்சிதான் சிறு உற்பத்தியாளர்கள் ஒருவர் சரக்கை மற்றவர் கையில் எடுத்துப் பார்க்கும் இடமாக இருக்கிறது. அங்கே கடை போடுகிறவர்கள் விற்பனையில் முழு நேரத்தையும் செலவழித்துவிடாமல், தங்களுக்குத் தேவையான கிண்ணத்தையோ பூட்டையோ கைப்பிடியையோ செய்கிறவர் பக்கத்து நாட்டு வரிசையில் இருக்கிறாரா என்று ஒரு சுற்று சுற்றிவர வேண்டும். பேச்சு படிந்தால், முதல் சரக்கை 2,000 டாலருக்குள் வைத்து இந்த எளிய முறையில் அனுப்பிப் பார்க்கலாம்.